ஒரு இளவரசியின் கதையைப் பத்திரம் பார்த்துப் படிப்பது எப்படி

பத்திரப்பதிவு அலுவலகத்தில் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன் நான். இப்போது பொழுதுபோக்கு ஐரோப்பிய இடைக்கால வரலாறு. வாசகர் வட்டத்தில் கட்டுரை வாசிக்கப் போகிற பிள்ளைகள் சிலர், “சார், ஒரு ராணியைப் பற்றி எழுதணும், எங்கேயிருந்து தொடங்குறது?” என்று கேட்கிறார்கள். மணப்பெண்ணின் அழகு, மாப்பிள்ளையின் வீரம் என்று தொடங்காதீர்கள். எந்த ஊர் யார் பேருக்கு மாறியது என்று பாருங்கள். மற்றதெல்லாம் அதன் பின்னால் தானாக வரும்.

வெறுமனே சொன்னால் பிடிபடாது. ஜோனை வைத்துச் செய்து காட்டுகிறேன். இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றிக்கும் தென்மேற்குப் பிரான்சின் அக்கித்தேன் சீமாட்டி எலினோருக்கும் 1165-ல், இன்றைய பிரான்சில் இருக்கும் ஆஞ்ஜே ஊரில் பிறந்தவள். சிங்கநெஞ்சன் ரிச்சர்டின் தங்கை.

முதலில் ஆளைச் சரியாகப் பிடிக்க வேண்டும். அந்தக் குடும்பத்தில் ஜோன்களுக்குப் பஞ்சமே இல்லை. நம் ஜோனின் தம்பி ஜானுக்கு ஜோன் என்று இரண்டு மகள்கள்: ஒருத்தி வேல்ஸ் இளவரசருக்கு வாழ்க்கைப்பட்டாள், இன்னொருத்தி ஸ்காட்லாந்துக்கு ராணியானாள். நம் ஜோனின் பேத்திக்கும் அதே பெயர். இணையத்தில் தேடும்போது பெயரோடு அவள் வாழ்க்கைப்பட்ட சிசிலி, துலூஸ் இரண்டையும் சேர்த்துத் தேடுங்கள். பிறந்த வருடமும் இறந்த வருடமும் (1165, 1199) ஒத்துப்போகாத பக்கத்தை அப்போதே மூடிவிடுங்கள்.

அடுத்து ஒரு வரைபடம். வம்ச மரம் பிறகு போட்டுக்கொள்ளலாம். ஹென்றி தன் மூன்று பெண்களையும் எங்கெங்கே கொடுத்தார் என்று புள்ளி வையுங்கள். மூத்தவள் மட்டில்டா ஜெர்மனியில் சாக்சனிக்கு, நடுவள் எலினோர் ஸ்பெயினில் காஸ்டீலுக்கு, கடைக்குட்டி ஜோன் சிசிலிக்கு. பிரான்ஸ் அரசரைச் சுற்றிலும் சம்பந்திகள். இந்த ஒரு படம் பத்துப் பக்கம் எழுதுகிற வேலையை மிச்சப்படுத்தும்.

மாப்பிள்ளை வீட்டுக் கணக்கையும் கேட்க மறக்காதீர்கள். சிசிலியின் இரண்டாம் வில்லியம் ஏன் அவ்வளவு தூரத்தில் பெண் தேடினார்? பைசாந்தியப் பேரரசரின் மகள் மரியாவை அவருக்குப் பேசி முடித்திருந்தார்கள். 1172-ல் பெண்ணை வரவேற்கத் தரந்தோ துறைமுகம் வரை போய்க் காத்திருந்தார். பெண் வரவே இல்லை. பிறகு ஜெர்மானியப் பேரரசர் பார்பரோசா தன் மகளைத் தர முன்வந்தார். அதைப் போப் விரும்பவில்லை, நின்றுபோனது. அதற்குப் பிறகுதான் 1176-ல் சிசிலித் தூதர்கள் இங்கிலாந்து வந்து ஜோனைக் கேட்டார்கள். எந்த அரச கல்யாணமானாலும் அதற்கு முன்னால் முறிந்த பேச்சுகளைப் பட்டியல் போடுங்கள். எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போவது இந்தப் பகுதியைத்தான்.

இனி பயணம். அண்ணன்மார் ஆளுக்குக் கொஞ்ச தூரம் துணைக்கு வந்தார்கள். தெற்கே சேன் ஜில் துறையில் சிசிலியின் 25 கப்பல்கள் நின்றன. குளிர்காலக் கடல் பெண்ணுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கிறிஸ்துமஸை நேப்பிள்ஸில் கழித்துவிட்டு, மிச்ச வழியை முடிந்தவரை தரைவழியாகவே கடந்தார்கள். சேன் ஜில் யாருடைய ஊர் என்று ஒரு ஓரத்தில் குறித்து வையுங்கள். தென்பிரான்சில் துலூஸ் சீமையை ஆண்ட பிரபுக்களான கவுண்ட்டுகளின் சொந்த மண் அது. பின்னால் வேலைக்கு ஆகும்.

1177 பிப்ரவரி 13, பலெர்மோவில் கல்யாணம், முடிசூட்டு. பெண்ணுக்கு 11 வயது, மாப்பிள்ளைக்கு 23. இந்த இடத்தில் பலர் ஒன்று கண்ணீர் விடுவார்கள், இல்லாவிட்டால் ‘அந்தக் காலத்தில் அப்படித்தான்’ என்று தோளைக் குலுக்குவார்கள். இரண்டும் வேண்டாம். திருச்சபைச் சட்டப்படி பெண்ணுக்குத் திருமண வயது 12. அந்தக் காலத்து விதிப்படியே அவளுக்கு வயது நிரம்பவில்லை. அதை மட்டும் எழுதுங்கள், போதும்.

இப்போது பத்திரம். வில்லியம் மனைவிக்கு எழுதிக் கொடுத்த ஆவணத்தின் வாசகம் இங்கிலாந்து வரலாற்றாசிரியர் ரோஜர் ஆஃப் ஹவ்டனின் நூலில் முழுசாக இருக்கிறது. நம் ஊர்ச் சீதனம் என்று நினைத்துக்கொண்டு படிக்கக் கூடாது. இது கணவன் மனைவிக்கு எழுதுவது. அவன் போய்விட்டால் அவள் பிழைப்புக்கு. இத்தாலியின் கிழக்குக் கரையில், கார்கானோ மலைப் பக்கம் இருக்கும் மோந்தே சாந்தாஞ்சலோ சீமை, அதோடு சிபோந்தோ, வியெஸ்தே ஊர்கள். அதற்குக் கீழே இன்னும் பல ஊர்ப்பெயர்கள். ஆனால் எல்லாம் ஒரே மாதிரி உரிமை இல்லை. சில ஊர்கள் அவளுடைய நேரடி ஆளுகைக்கு. மற்றவற்றில் அங்கிருக்கும் பிரபுக்களின் சேவை மட்டும் அவளுக்கு. ஊர்களின் எண்ணிக்கையைப் பார்த்து மலைத்துப்போகாமல் உரிமையைத் தரம் பிரித்துப் பாருங்கள். கடைசியில் சாட்சிகளையும் படியுங்கள். ஆர்ச்பிஷப், பிஷப், அதிகாரி என்று யார் யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களோ அவர்கள்தான் அந்த அரசவை. எந்த ஆவணத்திலும் நான் முதலில் புரட்டுவது சாட்சிப் பக்கத்தைத்தான், பழக்கதோஷம்.

அதன்பிறகு 12 வருடத்துக்கு ஜோனைப் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே கிடைக்காது. அந்த இடைவெளியில் கற்பனையை ஊற்றாதீர்கள். அதற்குப் பதிலாகப் பொருள்களைப் பாருங்கள். வில்லியம் கட்டிய மோன்றியாலே தேவாலயத்தின் மொசைக்கில் தாமஸ் பெக்கெட் நிற்கிறார். 1170-ல் காண்டர்பரி தேவாலயத்துக்குள் ஜோனின் அப்பாவுடைய வீரர்கள் வெட்டிக் கொன்ற அதே ஆர்ச்பிஷப். மாமனார் ஆட்களால் செத்தவரை மருமகன் புனிதராக வைத்துக் கும்பிட்டிருக்கிறார்! ஜோனின் மாமியார் மார்கரெட்டுக்கு பாத் நகர பிஷப் கொடுத்த சின்னத் தங்கப் பதக்கம் ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதிலும் பெக்கெட்டின் நினைவுப் பொருள்கள் வைத்திருந்ததாகப் பொறித்திருக்கிறது. சம்பந்தி வீட்டுக்கு இங்கிலாந்திலிருந்து எப்படிப்பட்ட பரிசு போனது பாருங்கள்.

1189 நவம்பரில் வில்லியம் வாரிசு இல்லாமல் இறந்தார். இங்கேதான் நிதானம் தேவை. ஒரு இளவரசியின் உண்மையான நிலைமை அவள் கல்யாணத்தில் தெரியாது. விதவையான மறுமாதம் தெரியும். ஆட்சியைப் பிடித்த தாங்கிரேட், ஜோனைக் காவலில் வைத்தார், அவள் ஊர்களையும் விடவில்லை. அவரைக் கொடியவர் என்று எழுதுவது சுலபம். வரைபடத்தை எடுங்கள். வில்லியமின் அத்தை கான்ஸ்டன்ஸ், ஜெர்மனியின் ஆறாம் ஹென்றியின் மனைவி. சிசிலி எங்களுக்குத்தான் சேரும் என்று அவர்கள் படையோடு இறங்கக் காத்திருந்தார்கள். இறங்கினால் அந்தக் கிழக்குக் கரைச் சீமையும் போர்க்களம்தான். அதை ஒரு அயல்நாட்டு விதவை கையில் யார் விடுவார்கள்?

1190 செப்டம்பரில் சிலுவைப் போருக்குப் போகும் வழியில் ரிச்சர்ட் மெசினாவில் வந்து இறங்கினார். தங்கையை விடு, அவள் உரிமையைக் கொடு என்றார். ஜோன் சில நாளில் வந்து சேர்ந்தாள். அவளை நீரிணைக்கு அக்கரையில் பாஞ்ஞாரா மடத்தில் தங்கவைத்துவிட்டு, அக்டோபர் 4-ல் ரிச்சர்ட் மெசினா நகரத்தையே பிடித்தார். பிறகு உடன்படிக்கை. மொத்தம் 40,000 அவுன்ஸ் தங்கம். அதில் 20,000 ஜோனின் ஊர்களுக்கு ஈடு. மீதி 20,000, ரிச்சர்டின் தம்பி மகன் ஆர்தருக்குத் தாங்கிரேட் மகளைக் கட்டுவதாகப் பேசிய கணக்கு. எங்கள் அலுவலகப் பாஷையில் இது விடுதலைப் பத்திரம். நிலத்தின் மேல் இருந்த உரிமை பணமாகிவிட்டது, அந்தப் பணம் அண்ணன் கைக்குப் போனது, அண்ணனுக்கோ போர்ச் செலவு. உடன்படிக்கை அரசருக்கும் அரசருக்கும் நடுவில்தான்.

ரிச்சர்ட் கேட்ட மற்றச் சாமான்களும் சுவையானவை: 12 அடி நீளத் தங்க மேசை, 200 வீரர்கள் உட்கார்ந்து சாப்பிடும் பட்டுக் கூடாரம், ராணிக்கான தங்க நாற்காலி. அந்த மேசையை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும்.

நடக்காத கல்யாணங்களுக்கென்று தனிப் பக்கம் ஒதுக்குங்கள். மெசினாவில் ஜோனைப் பார்த்த பிரான்ஸ் அரசர் பிலிப்பின் முகம் மலர்ந்தது என்று ஹவ்டன் எழுதுகிறார். அவர் அப்போது அந்தப் படையோடு இருந்தவர், ஆகவே கொஞ்சம் எடை கொடுக்கலாம். அதைவிடப் பெரியது 1191 அக்டோபரில் பாலஸ்தீனத்தில் வந்த பேச்சு. எதிர்த்தரப்புச் சுல்தான் சலாஹுத்தீனின் தம்பி அல்-ஆதிலுக்கு ஜோனைக் கட்டிக்கொடுப்பதாக ரிச்சர்ட் சொல்லி அனுப்பினார். இதைச் சொல்கிறவர் பஹாவுத்தீன், சலாஹுத்தீன் படையின் காஜி, அதாவது நீதிபதி, அந்த அவையிலேயே இருந்தவர். நிபந்தனையைப் பாருங்கள்: கடற்கரையில் ரிச்சர்ட் பிடித்த ஊர்களை ஜோன் பேருக்கு அவர் தருவார், தன் பங்கு நிலத்தை சலாஹுத்தீன் தம்பிக்குத் தருவார், இருவரும் ஜெருசலேமில் இருந்து ஆள வேண்டும். சலாஹுத்தீன் உடனே சரி என்றார், ரிச்சர்ட் விளையாடுகிறார் என்ற நினைப்பில். ஜோன் கோபத்தோடு மறுத்துவிட்டாள். பிறகு, விதவை ராணிக்குப் போப்பின் அனுமதி வேண்டுமாம், வேண்டுமானால் என் உடன்பிறந்தார் மகளைத் தருகிறேன் என்று ரிச்சர்ட் பேச்சை மாற்றினார்.

அந்தக் காலத்து மேற்கத்திய நூல்களில் இந்தக் கதை இல்லை. அதனால் கட்டுக்கதை என்று தள்ளவும் கூடாது, காதல் கதையாக ஊதவும் கூடாது. யார் எழுதினார், எங்கே இருந்து எழுதினார், எதிர்த்தரப்பு ஏன் வாயைத் திறக்கவில்லை என்று மூன்று வரி எழுதினால் போதும்.

திரும்பும் வழியை வேகமாகக் கடந்துவிடலாம். ரிச்சர்டின் மனைவி பெரெங்காரியாவோடு 1192-ல் பாலஸ்தீனக் கரையின் ஏக்கர் துறைமுகத்திலிருந்து ஜோன் கப்பலேறினாள். ரிச்சர்ட் வியன்னா அருகில் பிடிபட்டதால் பெண்கள் இருவரும் ரோமில் ஆறு மாதம் போல ஒதுங்கியிருந்து பிறகு ஊர் சேர்ந்தார்கள்.

இரண்டாம் கல்யாணம், 1196 அக்டோபர், வடபிரான்சின் ரூவாங் நகரம். மாப்பிள்ளை துலூஸ் கவுண்ட் ஆறாம் ரேமண்ட். ஓரத்தில் குறித்துவைத்த சேன் ஜில் நினைவிருக்கிறதா? இருபது வருடத்துக்கு முன் அவள் கப்பலேறியது இவர் அப்பாவின் மண்ணில். இவருக்கு ஜோன் நாலாவது மனைவி. முந்தியவளை அப்போதுதான் விலக்கியிருந்தார். துலூஸ் என் பாட்டி வழிச் சொத்து என்பது எலினோரின் வாதம். அதற்காக ஹென்றி 1159-லேயே படை எடுத்துப் போனவர். இந்தக் கல்யாணத்தில் ரிச்சர்ட் அந்த உரிமையை விட்டார், கேர்சி பகுதியைத் திருப்பிக் கொடுத்தார், அஜனே பகுதியைத் தங்கைக்குச் சீதனமாகக் கொடுத்தார். இப்போது பாருங்கள், பத்திரத்தின் திசை மாறிவிட்டது. முதல் கல்யாணத்தில் கணவன் பெண்ணுக்கு எழுதினார், இரண்டாவதில் பெண் வீடு மாப்பிள்ளைக்கு எழுதியது. இரண்டு பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். உங்கள் கட்டுரையின் நடுத்தூண் இதுதான்.

இந்தக் காலத்து ஜோனின் வெள்ளி முத்திரை ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் துலூஸ் கவுண்ட்டின் மனைவிக்கு உரிய பட்டங்கள். மறுபக்கம், ‘ராணி ஜோன், இங்கிலாந்து அரசர் ஹென்றியின் மகள்’. சிசிலி கையைவிட்டுப் போய் ஏழு வருடமாகியும் ராணிப் பட்டத்தை அவள் விடவில்லை. அவள் மனசு தெரிய வேண்டுமென்றால் இந்த முத்திரையைத்தான் நம்புவேன்.

1197-ல் மகன் பிறந்தான், பின்னாளில் ஏழாம் ரேமண்ட். 1199-ல் கலகம் செய்த பிரபுக்களின் லே காஸே கோட்டையை ஜோனே முற்றுகையிட்டாள். அவள் பக்கத்து ஆட்களே துரோகம் செய்து பாளையத்துக்குத் தீ வைத்தார்கள். இதை எழுதிய கியோம் த புயிலோரன்ஸ் அவள் மகனிடம் பாதிரியாராக இருந்தவர், பல வருடம் கழித்து எழுதினார். அதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். உதவி கேட்டு அண்ணனிடம் கிளம்பினாள். ரிச்சர்ட் ஏப்ரல் 6-ல் இறந்துபோயிருந்தார். கர்ப்பிணியாக ரூவாங் வந்தவள், ஃபோந்தவ்ரோ மடத்தின் கன்னியாஸ்திரி ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். கணவன் உயிரோடு இருக்கும் கர்ப்பிணிக்கு அது விதியில் இல்லை. காண்டர்பரி ஆர்ச்பிஷப் ஹியூபர்ட் வால்டர் கடைசியில் இணங்கினார். செப்டம்பரில், 33 வயதில் இறந்தாள். பிறந்த குழந்தை ஞானஸ்நானம் பெறும் வரைதான் இருந்தது. சீமைக்குச் சீமை மாற்றப்பட்டவள் தானே கேட்டு வாங்கிய இடம் அந்த மடம் ஒன்றுதான் என்பது என் கணிப்பு. மகனும் பிற்பாடு அங்கேயே அடக்கமானார்.

பலர் இங்கே பேனாவை மூடிவிடுவார்கள். மூடாதீர்கள், அஜனே இன்னும் கைமாறவில்லை. ஏழாம் ரேமண்ட் 1229-ல் பிரான்ஸ் அரசரிடம் பணிந்து, தன் ஒரே மகள் இளைய ஜோனை அரசரின் தம்பி அல்ஃபோன்சுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டார். பிரான்சும் இங்கிலாந்தும் செய்துகொண்ட 1259 பாரிஸ் உடன்படிக்கையில், இவள் பிள்ளை இல்லாமல் இறந்தால் பாட்டியின் சீதனமான அஜனே இங்கிலாந்து அரசருக்குத் திரும்ப வேண்டும் என்று ஒரு ஷரத்து. 1271 ஆகஸ்டில் கணவனும் மனைவியும் சில நாள் இடைவெளியில் பிள்ளை இல்லாமல் இறந்தார்கள். துலூஸ் பிரான்ஸ் அரசருக்குப் போனது. அஜனேவை மட்டும் விடாமல் கேட்டு, 1279-ல் அமியேன் உடன்படிக்கையில் முதலாம் எட்வர்ட் வாங்கிக்கொண்டார். அவர் ஜோனின் தம்பி ஜானுக்குப் பேரன். அந்தப் பதிவு வரைக்கும் எழுதிவிட்டு நிறுத்துங்கள்.