பிரிட்டனில் காஸ், கரண்ட் பில்: விலை உச்சவரம்பையும் மாதக் கட்டணத்தையும் நீங்களே சரிபார்ப்பது எப்படி

"எரிசக்தி விலை உச்சவரம்பு ஆண்டுக்கு 1,755 பவுண்டு" என்று செய்தியில் வந்தால், எவ்வளவு எரித்தாலும் அதற்கு மேல் பில் வராது என்று நம்புகிறவர்கள் இன்னும் நிறையப் பேர். 2022 செப்டம்பரில் அன்றைய பிரதமர் லிஸ் டிரஸ்ஸே வானொலிப் பேட்டிகளில், 2,500 பவுண்டுக்கு மேல் யாரும் கட்ட வேண்டியிருக்காது என்ற பொருளில் பேசினார். அது தவறு என்று அப்போதே சுட்டிக்காட்டப்பட்டது. உச்சவரம்பு இரண்டுக்குத்தான்: ஒரு யூனிட்டின் (ஒரு கிலோவாட் மணி) விலை, எதுவும் எரிக்காவிட்டாலும் நாள்தோறும் விழும் நிலைக் கட்டணமான ஸ்டாண்டிங் சார்ஜ். மொத்த பில்லுக்கு வரம்பே கிடையாது. ஹீட்டிங்கை நாள் முழுக்க ஓட விட்டால் அதற்கேற்ற பில் வரத்தான் செய்யும்.

செய்தியில் சொன்ன அந்த 1,755 எப்படி வந்தது? ஒரு சராசரிக் குடும்பம் ஆண்டுக்கு 2,700 யூனிட் கரண்டும் 11,500 யூனிட் காஸும் செலவழித்து, டைரக்ட் டெபிட்டில் (வங்கிக் கணக்கிலிருந்து கம்பெனியே தானாக எடுத்துக்கொள்ளும் முறை) கட்டினால் எவ்வளவு ஆகும் என்று கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்ஜெம் போட்ட கணக்கு அது. 2025 அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலாண்டுக்கு நாட்டுச் சராசரி விலைகள் இவை. கரண்ட் யூனிட்டுக்கு 26.35 பென்ஸ், ஸ்டாண்டிங் சார்ஜ் நாளுக்கு 53.68 பென்ஸ். காஸ் யூனிட்டுக்கு 6.29 பென்ஸ், ஸ்டாண்டிங் சார்ஜ் நாளுக்கு 34.03 பென்ஸ். 5 சதவீத வாட் வரி இதற்குள் அடக்கம். பெருக்கிக் கூட்டிப் பாருங்கள், 1,755 வரும்.

இந்த வரம்பு 2019 ஜனவரி 1 முதல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றிலும் நடைமுறையில் இருக்கிறது. வட அயர்லாந்துக்குப் பொருந்தாது. முன்பு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறியது. 2022 அக்டோபரிலிருந்து ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் மாறுகிறது. 'ஸ்டாண்டர்ட் வேரியபிள்' எனப்படும் சாதாரணத் திட்டத்தில் இருப்பவர்களுக்கே இது பாதுகாப்பு. பிக்ஸ்ட் திட்டம் எடுத்தவர்களுக்கு அவர்கள் ஒப்புக்கொண்ட விலைதான். கட்டடம் முழுக்க ஒரே பாய்லரிலிருந்து சூடு வரும் அடுக்குமாடி வீட்டின் ஹீட்டிங் செலவு, எண்ணெய்த் தொட்டி, காஸ் சிலிண்டர் ஆகியவையும் இந்த வரம்புக்கு வெளியே.

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ புதிதாக வந்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே போல முதல் இத்தனை யூனிட் மலிவு, அதைத் தாண்டினால் விலை ஏறும் என்ற படிமுறை இங்கே இல்லை. முதல் யூனிட்டுக்கும் கடைசி யூனிட்டுக்கும் ஒரே விலை. இலவச யூனிட்டும் இல்லை. மாறாக, வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு மாதம் ஊருக்குப் போனாலும் ஸ்டாண்டிங் சார்ஜ் விழுந்துகொண்டே இருக்கும். மேலே சொன்ன விலையில் இரண்டும் சேர்த்து நாளுக்கு 87.71 பென்ஸ், ஆண்டுக்கு 320 பவுண்டு.

உங்கள் வீட்டுக் கணக்கு

பில்லில் தேட வேண்டியது "ஆண்டு உபயோகம்" என்று கிலோவாட் மணியில் போட்டிருக்கும் எண். கரண்டுக்கு ஒன்று, காஸுக்கு ஒன்று இருக்கும். பவுண்டில் இருக்கும் மதிப்பீட்டை விட்டுவிடுங்கள், விலை மாறினால் அது செல்லாது. பக்கத்திலேயே உங்கள் திட்டத்தின் யூனிட் விலையும் ஸ்டாண்டிங் சார்ஜும் இருக்கும். பகுதிக்குப் பகுதி இவை மாறும். கரண்ட் ஸ்டாண்டிங் சார்ஜ் லண்டனில் குறைவு, வட வேல்ஸ், மெர்சிசைடு பக்கம் அதிகம். அதனால் உறவினர் வீட்டு விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

மூன்று படுக்கையறை வீட்டில் ஒரு குடும்பம் ஆண்டுக்கு 3,400 யூனிட் கரண்டும் 13,000 யூனிட் காஸும் செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

கரண்ட்: 3,400 × 26.35 பென்ஸ் = 895.90 பவுண்டு
காஸ்: 13,000 × 6.29 பென்ஸ் = 817.70 பவுண்டு
ஸ்டாண்டிங் சார்ஜ்: 87.71 பென்ஸ் × 365 = 320.14 பவுண்டு
மொத்தம் 2,033.74. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் ஏறக்குறைய 170 பவுண்டு.

யூனிட் எண்ணிக்கையில் காஸ் நான்கு மடங்கு. பணத்திலோ கரண்டுதான் கூடுதல். ஒரு யூனிட் கரண்டின் விலைக்கு நான்கு யூனிட் காஸ் வாங்கலாம் என்பதே காரணம். பாய்லர் இருக்கும் வீட்டில் பிளக்கில் மாட்டும் கரண்ட் ஹீட்டரை நம்பிக் குளிர்காலத்தை ஓட்டுவது ஏன் கையைக் கடிக்கிறது என்பது இதிலிருந்தே தெரியும். 2 கிலோவாட் ஹீட்டர் ஒரு மணி நேரத்துக்கு 2 யூனிட், அதாவது மேலே சொன்ன விலையில் 53 பென்ஸ் இழுக்கும்.

காஸ் மீட்டரில் இருப்பது யூனிட் அல்ல

கரண்ட் மீட்டரில் ஓடும் எண் நேரடியாக யூனிட்தான். காஸ் மீட்டர் காட்டுவது கன அளவு. அதை யூனிட்டாக மாற்ற, கன மீட்டரை 1.02264 ஆல் பெருக்கி, காஸின் வெப்ப மதிப்பால் (பில்லில் இருக்கும், பொதுவாக 39, 40 பக்கம்) பெருக்கி, 3.6 ஆல் வகுக்க வேண்டும். மனக்கணக்குக்கு, ஒரு கன மீட்டர் சுமார் 11.2 யூனிட்.

பழைய வீடுகளில் இன்னும் அடிக் கணக்கில் ஓடும் மீட்டர்கள் இருக்கின்றன. அவற்றில் ஒரு எண் நகர்ந்தால் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர், கிட்டத்தட்ட 32 யூனிட். இங்கேதான் பெரிய கோளாறு நேரும். மீட்டரை மாற்றி மீட்டர் கணக்கில் ஓடுவதைப் பொருத்திய பிறகும் கம்பெனிப் பதிவில் அது அடி மீட்டராகவே இருந்தால், காஸ் பில் 2.83 மடங்காக வரும். எதிர்மாறாகவும் நடக்கும்: பில் மிகக் குறைவாக வந்து, பிறகு ஒரு நாள் மொத்தமாகக் கேட்பார்கள். மீட்டர் முகப்பில் கன மீட்டர் குறியா, கன அடிக் குறியா என்று பாருங்கள். பிறகு பில்லில் கணக்கிடும் பகுதியில் 2.83 ஆல் பெருக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

ரீடிங் எடுக்கும்போது கறுப்பு இலக்கங்களை மட்டும் இடமிருந்து வலமாக எழுதுங்கள். சிவப்பு இலக்கங்களையும் புள்ளிக்குப் பின் வருவதையும் விட்டுவிட வேண்டும். அவற்றைச் சேர்த்து அனுப்பினால் ஒரு மாதத்தில் பத்தாண்டு காஸ் எரித்ததாகப் பதிவாகிவிடும்.

மாதக் கட்டணம் ஏன் பில்லோடு ஒத்துப்போவதில்லை

நிலையான டைரக்ட் டெபிட்டில் மாதந்தோறும் எடுப்பது அந்த மாதம் செலவழித்ததற்கான பணம் அல்ல. ஆண்டுச் செலவைப் பன்னிரண்டாகப் பிரித்து எடுக்கிறார்கள். கோடையில் பாய்லர் பெரும்பாலும் ஓய்வாக இருக்கும்போதும் அதே 170 போகும், மிச்சம் கணக்கில் சேரும். நவம்பர் முதல் மார்ச் வரை அந்த மிச்சம் கரையும். ஆகவே கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதை மாதத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அக்டோபர் தொடக்கத்தில் இரண்டு, மூன்று மாதக் கட்டணம் மிச்சமாக இருப்பது நல்லது. ஏப்ரல், மே வாக்கில் பூஜ்யத்துக்குப் பக்கமாக வந்திருக்க வேண்டும். மே மாதத்தில் 500 பவுண்டு மிச்சம் கிடந்தால் நீங்கள் கூடுதலாகக் கட்டுகிறீர்கள்.

இலையுதிர் காலத்தில் புது வீட்டுக்குப் போய்க் கணக்குத் தொடங்குகிறவர்களுக்குச் சேமிப்பே இல்லாமல் குளிர்காலம் வந்துவிடும். மார்ச்சில் கணக்கு கடனில் நிற்கும். அதைப் பார்த்துக் கட்டணத்தை 170 லிருந்து 230 ஆக உயர்த்தப் போவதாகக் கடிதம் வரலாம். உடனே சரி என்று சொல்லாமல் கணக்குப் போடுங்கள். அடுத்த 12 மாதச் செலவு 2,034, இருக்கும் கடன் 180. கூட்டினால் 2,214, பன்னிரண்டால் வகுத்தால் 184.50. ஆக, 185 நியாயமான தொகை. 230 கேட்டால், எந்த ஆண்டு உபயோகத்தை வைத்து, எந்த விலையில், எத்தனை மாதத்தில் கடனைத் தீர்க்கும்படி கணக்கிட்டார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். தங்களிடம் உள்ள சிறந்த, அண்மைய தகவலை வைத்துத்தான் தொகையை நிர்ணயிக்க வேண்டும், அதை வாடிக்கையாளருக்கு விளக்க வேண்டும் என்பது உரிம நிபந்தனை. மிச்சமாக இருக்கும் பணத்தையும் எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கேட்கலாம். தக்க காரணமில்லாமல் மறுக்க முடியாது. கேட்பதற்கு முன் அன்றைய ரீடிங்கை அனுப்பிவிடுங்கள். ஆனால் செப்டம்பரில் அந்தப் பணத்தை எடுப்பது நல்ல யோசனை அல்ல, டிசம்பரில் அதுவே தேவைப்படும்.

கோபத்தில் வங்கிக்குப் போய் டைரக்ட் டெபிட்டை நிறுத்துகிறவர்களும் உண்டு. செய்யாதீர்கள். பில் வந்த பிறகு கட்டும் முறைக்கு உச்சவரம்பே கூடுதல், சராசரி வீட்டுக்கு ஆண்டுக்கு நூறு பவுண்டுக்கு மேல் வித்தியாசம் வரும். கடன் வேறு அப்படியே நிற்கும். நிலையான தொகை பிடிக்காவிட்டால், அந்தந்த மாதச் செலவை மட்டும் எடுக்கும் டைரக்ட் டெபிட் உண்டா என்று கேளுங்கள். ரீடிங்கைத் தானாக அனுப்பும் ஸ்மார்ட் மீட்டர் ஒழுங்காக வேலை செய்தால் அது நல்ல முறை. ஜனவரி பில் ஜூலை பில்லைப் போலப் பல மடங்கு வரும் என்பதற்குத் தயாராக இருக்க வேண்டும், அவ்வளவே.

எங்கே கோளாறு வருகிறது

முதல் காரணம் மதிப்பீட்டு ரீடிங். பில்லில் ரீடிங்குக்குப் பக்கத்தில் 'எஸ்டிமேட்டட்' என்று இருந்தால் அது ஊகம். ஸ்மார்ட் மீட்டர் இருந்தும் அப்படி வந்தால் மீட்டர் தகவல் அனுப்பவில்லை என்று பொருள். சப்ளையரை மாற்றிய பிறகு பழைய ரக ஸ்மார்ட் மீட்டர்களில் இது நடக்கும். மாதம் ஒருமுறை நீங்களே ரீடிங் எடுத்து, மீட்டரைப் படமும் பிடித்து அனுப்புங்கள். முக்கியமாக விலை மாறும் தேதிக்கு முந்தைய நாள்: மார்ச் 31, ஜூன் 30, செப்டம்பர் 30, டிசம்பர் 31. சாதாரண மீட்டர் என்றால், பழைய விலையில் எவ்வளவு, புது விலையில் எவ்வளவு என்று ஊகித்துப் பிரிப்பதற்கு அப்போது இடமிருக்காது.

அடுக்குமாடி வீடுகளில் பக்கத்து வீட்டு மீட்டருக்கு நீங்கள் பணம் கட்டிக்கொண்டிருக்கலாம். மீட்டரின் சீரியல் எண்ணைப் பில்லோடு ஒப்பிடுங்கள். பிறகு பியூஸ் பெட்டியில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். வீட்டில் எதுவும் ஓடாதபோதும் எண் ஏறினால் அந்த மீட்டர் உங்கள் வீட்டுடையது மட்டுமாக இருக்க முடியாது. இரவு ஏழு மணி நேரம் மலிவு விலை தரும் எகானமி 7 மீட்டரில், பகல் எண்ணும் இரவு எண்ணும் பில்லில் இடம் மாறியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பல வருடப் பாக்கி என்று திடீரென்று பெரிய பில் வந்தால் ஒரு விதி உங்களுக்குத் துணை. சரியாகப் பில் போடாதது அவர்கள் தவறு என்றால், 12 மாதத்துக்கு முன் செலவழித்ததற்குப் பணம் கேட்க முடியாது. 2018 மே முதல் வீடுகளுக்கு இது உண்டு. ரீடிங் எடுக்க வருகிறவர்களை வேண்டுமென்றே தடுத்திருந்தால் மட்டும் பொருந்தாது.

வாடகை வீட்டில் மீட்டர் வீட்டுக்காரர் பெயரில் இருந்து, அவர் உங்களிடம் தனியாகக் கரண்டுக்குப் பணம் வாங்கினால், தான் கட்டும் யூனிட் விலைக்கு மேல் வைத்து விற்க அவருக்கு உரிமை இல்லை. அறை வாடகைக்கு இருக்கும் மாணவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. பில்லைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

பிக்ஸ்ட் எடுக்கலாமா

மாதத் தொகையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். குறைந்த டைரக்ட் டெபிட் போட்டுக் காட்டுவது எளிது. பிக்ஸ்ட் திட்டத்தின் நான்கு எண்களை, அதாவது இரண்டு யூனிட் விலை, இரண்டு ஸ்டாண்டிங் சார்ஜ், உங்கள் ஆண்டு உபயோகத்தோடு பெருக்கி, உச்சவரம்பு விலையில் வரும் தொகையோடு ஒப்பிடுங்கள். தனியாக இருப்பவர், குறைவாகச் செலவழிப்பவர் என்றால் ஸ்டாண்டிங் சார்ஜ் குறைவான திட்டம் லாபம். பெரிய குடும்பத்துக்கு யூனிட் விலைதான் முக்கியம். அடுத்த காலாண்டு வரம்பு எப்படிப் போகும் என்று கார்ன்வால் இன்சைட் நிறுவனம் வெளியிடும் முன்கணிப்பையும் பாருங்கள். பாதியில் விலகினால் கட்ட வேண்டிய தொகையையும் கணக்கில் சேருங்கள். கையெழுத்திட்டு 14 நாளுக்குள் மனம் மாறினால் விலகலாம், ஒப்பந்தத்தின் கடைசி 49 நாளில் விலகினாலும் அபராதம் இல்லை.

புகார்

முதலில் சப்ளையரிடம் "இது புகார்" என்ற சொல்லோடே எழுத்தில் கொடுங்கள், தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ரீடிங் படங்களையும் உங்கள் கணக்கையும் இணையுங்கள். எட்டு வாரத்தில் தீராவிட்டாலோ, இதற்கு மேல் எங்களால் முடியாது என்று கடிதம் வந்தாலோ இத்தகைய புகார்களைத் தீர்த்துவைக்கும் சுதந்திர அமைப்பான எனர்ஜி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், கட்டணம் இல்லை. அவர்கள் தீர்ப்பை நீங்கள் ஏற்றால் சப்ளையரும் அதன்படி நடக்க வேண்டும். கட்ட முடியாத நிலை என்றால் அதையும் மறைக்காமல் சப்ளையரிடம் சொல்லுங்கள். உங்கள் வரவு செலவைப் பார்த்துத் தாங்கக்கூடிய தவணை போட வேண்டியது அவர்கள் கடமை. வருமானம் பார்த்துத் தரும் அரசு உதவி பெறுகிறவர்கள், குளிர்காலத்தில் 150 பவுண்டு கழிக்கும் வார்ம் ஹோம் டிஸ்கவுண்டுக்குத் தகுதி இருக்கிறதா என்று அதே தொலைபேசியில் கேட்டுவிடலாம். பில் யார் பெயரில் இருக்கிறது என்பது அதற்கு முக்கியம்: உதவி பெறுகிறவரோ அவருடைய துணையோ பெயர் பில்லில் இருக்க வேண்டும்.