புதுக்கவிதையைக் கொயருக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் சர்ச் கொயரில் பாடிப் பழகிய இளைஞர்கள் சிலர் இப்போது புதுக்கவிதைக்கு இசையமைத்து, நாலு குரலுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் எழுதிக்கொண்டு வருகிறார்கள். ஆசை நல்லதுதான். ஆனால் நான் செய்த பழைய தவறுகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். சுருதி விலகல், தாளம் தப்புவதெல்லாம் ஒத்திகையில் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

குறிலை இழுப்பது

இதைக் கேட்டால் இன்றும் எரிச்சல் வருகிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. தனியாகப் பாடுகிறவர் கொஞ்சம் இழுத்தாலும் கேட்பவர் ஊகித்துக்கொள்வார். கொயர் மொத்தமும் சேர்ந்து, கீழே வயலின்கள் தாங்க இழுத்தால், அது நெடிலேதான்.

கிரானைட் குவாரி பற்றி ஒரு கவிதை. 'மலையை அறுத்தார்கள்' என்று ஒரு வரி. இசையமைத்த தம்பி 'ம'வைத் தாளத்தின் முதல் தட்டில் வைத்து நாலு எண்ணிக்கைக்கு நீட்டியிருந்தான். காதில் விழுந்தது 'மாலையை அறுத்தார்கள்'. ஏதோ கல்யாண வீட்டுச் சண்டை போல! அதுவும் தெரிந்தது எப்போது? பெங்களூரிலிருந்து வாத்தியக்காரர்களை வரவழைத்து, அன்றைய சம்பளமும் கொடுத்த பிறகு. சொல்லை மட்டும் நகர்த்த வழியில்லை. அந்த 'ம'வைப் பிடித்துத்தான் செல்லோவும் ஹார்னும் நுழைகின்றன. எல்லாருடைய நொட்டேஷனையும் திருத்தி, மறுபடி அச்செடுத்து, இன்னொரு ஒத்திகைக்கும் பணம் அழ வேண்டியதாயிற்று.

மெட்டைத் தொடுமுன் கவிதையை உரக்கப் படித்து, வாய் தானாக நீளும் இடங்களில் கோடு போடுங்கள். நீண்ட ஸ்வரம் அங்கேதான். 'ம'வைத் தட்டுக்கு முன்னால் சின்ன ஸ்வரமாகத் தள்ளி, 'லை'யைத் தட்டில் வைத்து நீட்டினால் மலை மலையாகவே இருக்கும்.

எட்டு எண்ணிக்கைக்குள் திணிப்பது

வரி எட்டு எண்ணிக்கைக்குக் குறைந்தால் கடைசிச் சொல்லைத் திரும்பப் பாட வைக்கிறார்கள். கவிஞர் ஒருமுறைதானே சொன்னார்? அந்த வரிக்கு மட்டும் ஐந்துக்கோ ஏழுக்கோ மாறுங்கள். ஐந்தெண்ணும் கண்டமும் ஏழெண்ணும் மிஸ்ரமும் நமக்குப் புதிதா என்ன?

எல்லா வரியும் கொயருக்கே

ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் தன் 'வார் ரெக்வியம்' (1962) படைப்பில், எல்லாருக்கும் தெரிந்த லத்தீன் வழிபாட்டு வரிகளைக் கொயருக்கும் பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்கும் கொடுத்தார். வில்ஃப்ரெட் ஓவனின் போர்க் கவிதைகளைத் தனிக்குரல்களுக்கும் சின்ன வாத்தியக் குழுவுக்கும் ஒதுக்கினார். முதல்முறை கேட்கும் சொல் புரிய வேண்டாமா?

உச்ச ஸ்தாயி

முக்கியமான சொல்லை சொப்ரானோவின் (பெண்களின் மேல்ஸ்தாயிக் குரல்) உச்சியில் வைக்காதீர்கள். அங்கே இகரமும் உகரமும் ஒன்றுபோலத்தான் கேட்கும்.

அனுமதி

கவிஞர் இறந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. எழுத்தில் வாங்குங்கள்.