கருவிகளை நம்பி நிற்கும் சூப்பர்ஹீரோவை உருவாக்குவது எப்படி?

சொந்தமாக ஒரு காமிக்ஸ் ஹீரோவை உருவாக்க உட்காரும் பலர் முதலில் வரைவது பெல்ட்டையும் துப்பாக்கியையும்தான். அதெல்லாம் அப்புறம். அவனால் எது முடியாது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பேட்மேனால் பறக்க முடியாது, தோட்டா பாய்ந்தால் செத்துப்போவான், அதனால்தான் அவனுக்குக் கயிறு தேவைப்படுகிறது.

அடுத்து, தூண்டுதல்களைப் பல இடங்களிலிருந்து எடுங்கள். 1938இல் வந்த சூப்பர்மேன் விற்பனையில் சக்கைப்போடு போட, பதிப்பகம் இன்னொரு ஹீரோவைத் தேட, ஓவியர் பாப் கேன் பேட்மேனின் முதல் வடிவமாக, சிவப்பு உடையும் கண்ணை மட்டும் மறைக்கும் சின்ன முகமூடியும் விறைப்பான இறக்கைகளுமாக ஒரு உருவத்தை வரைந்தார். இறக்கைகள் டாவின்சியின் பறக்கும் இயந்திர ஓவியத்திலிருந்து வந்தவை. பகலில் பணக்காரன், இரவில் முகமூடிக்காரன் என்ற இரட்டை வாழ்க்கை, முகமூடி அணிந்த கதை வாள்வீரன் சோரோவிடமிருந்து. எழுத்தாளர் பில் ஃபிங்கர் படத்தைப் பார்த்துவிட்டு, சிவப்பை எடுத்துவிட்டுச் சாம்பல் நிறம் கொடுக்கலாம், இறக்கைக்குப் பதில் மேலங்கி, கையுறை, கூர்க்காது முகமூடி, கண்மணி தெரியாத வெள்ளைக் கண்கள் என்று ஒவ்வொன்றாக மாற்றச் சொன்னார். புரூஸ் வெய்ன் என்ற பெயரும் அவர் வைத்ததே: ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் தி புரூஸ், அமெரிக்கத் தளபதி அந்தோணி வெய்ன், இருவரிடமிருந்தும் பாதிப் பாதி. நாம் இன்று பேட்மேன் என்று நினைப்பதில் பெரும்பகுதி ஃபிங்கருடையது. 1974இல் இறந்த மனிதருக்கு 2015இல்தான் அதிகாரபூர்வமாகப் பெயர் போட்டார்கள் என்பது பெரிய அநியாயம். இருவர் சேர்ந்து உருவாக்கினால் இரண்டு பெயரையும் முதல் இதழிலேயே போட்டுவிடுங்கள்.

கருவிகளை ஒரே நாளில் குவிக்காதீர்கள். பேட்மேன் அறிமுகமானது 1939 மே மாத டிடெக்டிவ் காமிக்ஸ் 27ஆம் இதழில். மூச்சுத் திணறவைக்கும் வாயுக் குப்பிகளோடு அந்தப் புகழ்பெற்ற பெல்ட் வந்தது 29இல், வீசி எறியும் வௌவால் வடிவ ஆயுதமான பேட்டரங் 31இல். இரண்டு கதைகளையும் எழுதியவர் கார்ட்னர் ஃபாக்ஸ். எனவே, கதையில் ஹீரோ மாட்டிக்கொள்ளும் இடம் வரட்டும், அதற்கேற்ற கருவி அப்போது வரட்டும்.

கருவிக்கு ஒரு விலையும் இருக்கட்டும். 1963இல் வந்த அயர்ன் மேனின் மார்புக் கவசம் அவன் இதயத்தைக் காப்பாற்றுகிறது, ஆனால் சார்ஜ் தீர்ந்தால் உயிர் போய்விடும். அவன் எவ்வளவு பெரிய பணக்காரனாக இருந்தாலும் பிளக் பாயிண்ட்டைத் தேடி ஓட வேண்டியதுதான், அந்தத் தவிப்பில்தான் வாசகன் அவனோடு ஒட்டிக்கொள்கிறான்.

கடைசியாக, எல்லாக் கருவியையும் பிடுங்கிவிட்டு ஹீரோவை ஒரு பூட்டிய அறையில் போட்டு, ஒரு பக்கம் மட்டும் வரைந்து பாருங்கள். ஆறாவது பேனலுக்குள் (படக்கட்டத்துக்குள்) அவன் யோசித்து வெளியே வந்துவிட்டால், பெல்ட்டை வரைய ஆரம்பிக்கலாம்.