மலேரியா போயிட்டுது எண்டு நினைச்சு விடக்கூடாத பிழைகள்

1995ல யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து வன்னிக்குப் போன எங்கட ஆக்களிட்ட கேட்டுப் பாருங்கோ மலேரியாக் காய்ச்சல் எப்பிடி இருக்கும் எண்டு. எங்கட வீட்டில அம்மா, சித்தி, நான் எண்டு மாறி மாறிப் படுத்தனாங்கள். பின்னேரமானால் நடுக்கம் தொடங்கும், வீட்டில இருக்கிற சேலை சாக்கு எல்லாம் போட்டுப் போர்த்தாலும் பல்லுக் கிடுகிடுக்கும், பேந்து உடம்பு நெருப்பாக் கொதிக்கும், பேந்து வேர்த்து ஊத்தி விட்டுட்டுப் போகும், சரி சுகம் எண்டு நினைக்க ஒருநாள் விட்டு அதே நேரத்துக்குத் திரும்பி வந்து நிக்கும். குளோரோகுயின் குளிசையை வாழைப்பழத்துக்க வைச்சுத் தருவினம், அப்பிடியும் அந்தக் கைப்பு தொண்டையை விட்டுப் போகாது.

இப்ப என்ர மருமக்களுக்கு அப்பிடி ஒரு வருத்தம் இஞ்ச இருந்ததே தெரியாது. நல்ல விசயம்தான், அதுக்காக எத்தினை பேர் எத்தினை வருசம் பாடுபட்டவை. ஆனா அதாலதான் நாங்கள் சில பிழையள் விடுறம், அதைத்தான் எழுத வந்தனான்.

முதல் பிழை, இருக்கிறதுக்குள்ள பெரிய பிழை, எண்ணிக்கை குறைஞ்ச உடன கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறது. இதை இலங்கை ஒருக்கா விட்டு நல்லா அடி வாங்கின நாடு. 1934-35ல மழை பொய்ச்சு ஆறுகள் வத்தி குட்டை குட்டையா நிண்ட தண்ணியில நுளம்பு பெருகி வந்த மலேரியாவில சுமார் 80,000 சனம் செத்தது. பிறகு 1946 அளவில டி.டி.டி மருந்து வந்து வீட்டுச் சுவருகளுக்கு அடிக்கத் தொடங்க வருத்தம் சரசர எண்டு இறங்கி 1963ல முழு நாட்டுக்குமே 17 பேர்தான். பதினேழு! அதைப் பாத்திட்டு முடிஞ்சுது எண்டு நினைச்சு மருந்தடிக்கிறதை நிப்பாட்டிச்சினம், காய்ச்சல்காரரைத் தேடிப்போய் இரத்தம் பாக்கிறதும் தளர்ந்து போச்சு. 1969ல திரும்ப 5 லட்சத்துக்கு மேல. அந்த நேரம் டி.டி.டிக்கும் நுளம்பு பழகிப்போய் முந்தின மாதிரி வேலை செய்யேல்லை, பிறகு மலத்தியன் எண்டு வேற மருந்துக்கு மாற வேண்டி வந்தது. என்னைக் கேட்டால் அண்டைக்கு அறிவு குறைவு இல்லை காசு குறைவும் இல்லை, அந்தப் பதினேழை ஒரு முடிவு எண்டு எடுத்ததுதான் பிழை. பதினேழு எண்டால் ஒவ்வொருத்தரையும் வீடு தேடிப் போய்ப் பிடிக்கலாம் எண்டதுதான் அதின்ர அர்த்தம், வீட்டை போகலாம் எண்டது இல்லை.

ரெண்டாம் முறை அந்தப் பிழையை விடேல்லை. 1999ல ரெண்டரை லட்சத்துக்கு மேல கேஸ், அதில வடக்கும் கிழக்கும்தான் கனக்க. சண்டை நடக்கேக்கயே மருந்து ஊட்டின வலையும் குளிசையும் ரெண்டு பக்கத்துக்கும் போனது, மலேரியா தடை இயக்கத்து ஆக்கள் வாகனத்தில கிளினிக் கொண்டுபோய் காட்டுக்க, சேனைக்க, மாணிக்கக்கல் தோண்டுற இடமெல்லாம் இரத்தம் குத்திப் பாத்தவை. காய்ச்சல் இருந்தாத்தான் பாக்கிறது எண்டு இல்லை, காய்ச்சல் இல்லாத ஆளின்ர இரத்தத்திலயும் கிருமி இருக்கும். அப்பிடித் தேடித் தேடி 2012ல உள்ளூர்க் கேஸ் 23க்கு இறங்கி, அந்த வருசம் ஒக்ரோபரோட கடைசி. மூண்டு வருசம் ஒண்டும் வராமல் இருந்தாத்தான் உலக சுகாதார ஸ்தாபனம் மலேரியா இல்லாத நாடு எண்டு பத்திரம் குடுக்கும், அது 2016 செப்டெம்பர் 5ல கிடைச்சது.

இஞ்சதான் அடுத்த பிழை. போனது கிருமி, நுளம்பு போகேல்லை. முந்திக் காவின அதே அனோபிலிஸ் நுளம்பு இப்பவும் குளக்கரையில வாய்க்காலில இருக்குது, அதுக்குக் கிருமியைக் குடுக்க ஒரு ஆள் வரவேணும், அவ்வளவுதான் குறை. 2018 டிசம்பரில மொனராகலைப் பக்கம் அதுதான் நடந்தது, இந்தியாவில இருந்து வேலைக்கு வந்த ஒருத்தரின்ர இரத்தத்தில இருந்து நுளம்பு எடுத்து பக்கத்தில இருந்த இஞ்சத்தை ஆளுக்குக் குடுத்திட்டுது. கெதியாக் கண்டுபிடிச்சு சுத்தி இருந்த சனம் எல்லாருக்கும் இரத்தம் பாத்து மருந்தடிச்சபடியால ஒண்டோட நிண்டது.

யாழ்ப்பாணத்து ஆக்கள் கட்டாயம் தெரிஞ்சிருக்க வேண்டியது இன்னொண்டு இருக்கு. 2016 கடைசியில மன்னாரில ஸ்டீபன்சி எண்ட ஒரு புது அனோபிலிஸைக் கண்டுபிடிச்சவை, பிறகு யாழ்ப்பாணத்திலயும் இருக்கு எண்டு தெரிய வந்தது. மற்ற மலேரியா நுளம்பு ஊர்ப்புறத்து ஆறு குளத்தைத் தேடும், இது டவுனுக்க கிணறு, தண்ணித் தாங்கி, சீமெந்துத் தொட்டி எண்டு சுத்தமான தண்ணியில குஞ்சு பொரிக்கும். சென்னையில காலங்காலமா மலேரியா காவுறது இதுதான். ஆபிரிக்காவில ஜிபூட்டி எண்டு ஒரு சின்ன நாடு, அங்க 2012ல மலேரியா 27 பேருக்குத்தான், கிட்டத்தட்ட ஒழிச்ச மாதிரி, அந்த வருசம்தான் இந்த நுளம்பை அங்க கண்டது, 2020ல 73,000 பேர். இப்ப எங்கட ஊரை யோசிச்சுப் பாருங்கோ, வீட்டுக்கு ஒரு கிணறு இருக்கிற இடம், ஆறு இல்லாத இடம், எங்கட சீவியமே கிணத்திலதான். அதில எத்தினை கிணறு வீட்டுக்காரர் கனடாவில லண்டனில இருக்க பத்தை மூடிப்போய்க் கிடக்குது. பாவிக்காத கிணத்தை அப்பிடியே விட்டு வைக்கிறது பிழை, தேவையில்லாத கிணறெண்டால் தூர்க்க வேணும், தேவையெண்டால் நல்ல சின்னக் கண் வலை போட்டு மூட வேணும், இல்லாட்டி குடம்பியை, அதுதான் தண்ணியில கிடக்கிற நுளம்புப் புழுவை, தின்னிற கப்பி மீனாவது விட வேணும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ) வந்து கிணத்தை எட்டிப் பாத்தால் சண்டை பிடிக்காதேங்கோ. வெளிநாட்டில இருக்கிற அண்ணாமார் அக்காமார், உங்கட வளவைப் பாக்கிற ஆளிட்ட கிணத்தையும் மொட்டை மாடித் தாங்கியின்ர மூடியையும் ஒருக்காப் பாக்கச் சொல்லுங்கோ.

டெங்குவுக்குச் செய்யிறது மலேரியாவுக்கும் காணும் எண்டு நினைக்கிறதும் பிழைதான். டெங்கு நுளம்பு பகலில கடிக்கும், சிரட்டை ரயர் தண்ணி போதும் அதுக்கு. மலேரியா நுளம்பு பொழுதுபட்டாப் பிறகு விடியும் மட்டும். றோட்டில புகையடிச்சால் அந்த நேரம் பறக்கிறது சாகும், குடம்பி சாகாது, கனபேர் புகையைக் கண்டிட்டு வலையைக் கழட்டி மடிச்சு வைக்கினம்.

சரி, இப்ப ஆக்கள் விடுற பிழை. போன இடத்தைச் சொல்லாமல் விடுறது. என்ர மச்சான் ஒராள் ஆபிரிக்காவுக்கு வேலையாப் போய் வந்து ரெண்டாம் கிழமை காய்ச்சல், ஒரு தனியார் கிளினிக்கில காட்ட டெங்குவோ எண்டு மட்டும் பாத்திட்டு பனடோல் குடுத்து அனுப்பிட்டினம், எங்க போய் வந்தனீர் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை, இவரும் சொல்லேல்லை. நாலாம் நாள்தான் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினது, பல்சிபாரம் எண்ட சாதி மலேரியா. அது மூளை, சிறுநீரகம் எண்டு போய் ரெண்டொரு நாளில ஆளைக் கொல்லக்கூடியது. அந்த டொக்டரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை, இப்ப படிச்சு வாற பிள்ளையள் மலேரியா நோயாளியை கண்ணால காணாமலே டொக்டரா வருகினம். அதாலதான் நாங்கள் வாய் திறக்க வேணும். இந்தியாவுக்குக் கோயிலுக்குப் போனதோ, அகதியா இருந்து திரும்பினதோ, ஆபிரிக்காவில நிண்டதோ, வந்து ஒரு வருசத்துக்குள்ள காய்ச்சல் எண்டால் முதல் சொல்லே அதா இருக்கட்டும். முதல்தரம் பாக்கேக்க இரத்தத்தில இல்லை எண்டு ரிப்போட் வந்தாலும் காய்ச்சல் விடாட்டி அடுத்தடுத்த நாளும் பாக்க வேணும், முதல் நாள் கிருமி குறைவா இருந்தால் தப்பிப் போகும்.

ஏஜென்சிக்குக் காசு கட்டி மேற்கு ஆபிரிக்காப் பக்கத்தால வெளிநாடு போக வெளிக்கிட்டு இடையில மாட்டுப்பட்டு வந்த பெடியளும் இருக்கினம். 2012ல அப்பிடித் திரும்பின கூட்டத்துக்கு எயார்போட்டிலயே இரத்தம் பாத்து கொஞ்சப் பேருக்கு மலேரியா எண்டு பிடிச்சவை. ஊர் அவங்களை ஏளனமாக் கதைச்சால் அவங்கள் போன இடத்தை ஒளிப்பாங்கள், காய்ச்சலையும் ஒளிப்பாங்கள். இஞ்ச மலேரியாவுக்கு இரத்தம் பாக்கிறதும் மருந்தும் அரசாங்கத்தில சும்மாதான், ஆர் எந்த வழியால வந்தவை எண்டு அங்க வழக்கு வைக்கிறேல்லை.

குளிசையை இடையில நிப்பாட்டுறது அடுத்தது. வைவாக்ஸ் எண்ட சாதிக்கு குளோரோகுயின் மூண்டு நாள் போட காய்ச்சல் விட்டுடும், ஆனா கிருமி ஈரலுக்க போய் நித்திரை கொள்ளும், மாதக்கணக்கா இருந்து திரும்ப எழும்பும். அதை எழும்பாமல் செய்யிறது பிறிமாகுயின் 14 நாள். சிலபேருக்கு இரத்தத்தில ஜி6பிடி எண்ட ஒரு நொதியம் குறைவா இருந்தால் அந்தக் குளிசை ஒத்துவராது, இரத்தச் சிவப்பணுவை உடைக்கும், வயித்தில பிள்ளை இருக்கிற ஆக்களுக்கும் குடுக்கிறேல்லை, அதாலதான் சோதிச்சுப் பாத்துத் தாறவை. ஒராளுக்குத் தந்ததை இன்னொராள் வாங்கிப் போடக்கூடாது. பதினாலும் போட்டு முடிச்சாப் பிறகும் கிளினிக்குக்கு வரச்சொன்ன நாளுக்குப் போய் இரத்தம் குடுக்க வேணும்.

மலேரியா இருக்கிற நாட்டுக்குப் போறவைக்கு வராமல் தடுக்கவும் குளிசை இருக்கு, வெளிக்கிட முதல் எங்கட பிராந்திய மலேரியா தடை அலுவலகத்தில கேளுங்கோ, போற நாட்டைப் பொறுத்து மருந்து மாறும். கனபேர் பிளேனால இறங்கின அண்டே அதை விட்டுடுகினம். மெப்லோகுயின் எண்டால் கிழமைக்கு ஒண்டு, போக 2, 3 கிழமைக்கு முதலே தொடங்கி திரும்பி வந்தும் 4 கிழமை போட வேணும். மச்சான் இந்தமுறை போகேக்க நான்தான் கூட்டிக்கொண்டு போய் எடுத்துக் குடுத்தனான். வந்து இறங்கி இது மூண்டாம் கிழமை, இண்டைக்கும் போன் எடுத்துக் கேட்டனான், இந்தக் கிழமைக் குளிசையைப் போட்டிட்டியோ எண்டு.