மின்னல் காட்டும், சார்ஜ் ஏறாது: காரின் யூஎஸ்பி துளையில் நாம் செய்யும் தவறுகள்

போன மாதம் மாமனாரை அழைத்து வர மதுரை விமான நிலையத்துக்குப் போனோம். பாளையங்கோட்டையில் வண்டியை எடுக்கும்போது என் போனில் 46 சதவீதம். காரின் யூஎஸ்பி துளையில் வயரைச் செருகி, மேப்பைப் போட்டு, பின்சீட்டில் இருந்த மகளின் டேப்லெட்டுக்காக ஹாட்ஸ்பாட்டையும் திறந்துவிட்டேன். கயத்தாறு தாண்டும்போது 44. சாத்தூரில் 40. கப்பலூர் டோல்கேட்டில் நிற்கும்போது 36. இத்தனைக்கும் வயரைக் கழற்றவே இல்லை, திரையில் மின்னல் அடையாளமும் மறையவில்லை.

"அத்தான், ஏறுதுன்னுல்லா காட்டுது. பெறவு எப்படி எறங்குது?" என்றான் பக்கத்தில் இருந்த மச்சினன்.

கரண்ட் உள்ளே வருகிறது என்பதை மட்டும்தான் அந்த மின்னல் சொல்லும். எவ்வளவு வருகிறது, வந்ததைவிடச் செலவு கூடுதலா என்றெல்லாம் அது சொல்லாது. மாதாமாதம் சம்பளம் வருகிற வீட்டிலும் கடன் ஏறத்தானே செய்கிறது.

முதல் தவறு, பெரிய தவறும்கூட, அந்தத் துளையைச் சார்ஜர் என்று நினைப்பது. பல கார்களில், முக்கியமாகச் சில வருடம் ஓடிய வண்டிகளில், ஸ்டீரியோவுக்குக் கீழே இருக்கும் யூஎஸ்பி துளை பென்டிரைவில் பாட்டுக் கேட்பதற்கும், போனை வண்டியின் திரையோடு இணைப்பதற்கும் வைத்தது. கம்ப்யூட்டரில் இருக்கும் துளைக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. யூஎஸ்பி 2.0 விதிப்படி அப்படிப்பட்ட துளை தரவேண்டியது 5 வோல்ட்டில் அரை ஆம்பியர், அதாவது 2.5 வாட். யூஎஸ்பி 3.0 என்றால் 0.9 ஆம்பியர், 4.5 வாட். இன்றைக்கு 5000 மில்லிஆம்பியர் மணி பேட்டரி சாதாரணம். அதில் அடங்கும் மின்சாரம் சுமார் 19 வாட் மணி, அதாவது 19 வாட்டை ஒரு மணி நேரம் தரும் அளவு. 2.5 வாட்டில் அதை நிரப்ப, வழியில் வீணாவதையும் சேர்த்தால், எட்டு ஒன்பது மணி நேரம் ஆகும். அதுவும் போனைத் தொடாமல் வைத்திருந்தால். எனக்கு மேப், முழு வெளிச்சத்தில் திரை, ஹாட்ஸ்பாட் எல்லாம் சேர்ந்து 3 வாட் பக்கம் செலவு. வந்தது அதற்கும் குறைவு. கப்பலூர் கணக்கு அதுதான்.

"வீட்டு சார்ஜரும் யூஎஸ்பிதானே, அதில் மட்டும் எப்படி விறுவிறுவென்று ஏறுகிறது?" என்று கேட்கலாம். யூஎஸ்பி வயருக்குள் கரண்ட் கம்பி இரண்டோடு டேட்டா கம்பி இரண்டும் உண்டு. சாதாரண சார்ஜருக்குள் அந்த டேட்டா கம்பிகள் இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்து விட்டிருப்பார்கள். போன் அதைத் தொட்டுப் பார்த்து, 'இது சார்ஜர்தான், ஒன்றரை ஆம்பியர் வரை இழுக்கலாம்' என்று புரிந்துகொள்ளும். மறுமுனையில் கம்ப்யூட்டரோ ஸ்டீரியோவோ இருந்தால், 'இவர் டேட்டா ஆள், அரை ஆம்பியருக்கு மேல் கேட்கக் கூடாது' என்று அடங்கிவிடும். வேகச் சார்ஜரிலோ பேச்சுவார்த்தையே வேறு: 9 வோல்ட் தருவாயா, 12 தருவாயா என்று போன் கேட்கும், சார்ஜர் ஒப்புக்கொண்டால் வோல்ட் ஏறும். ஒப்புக்கொள்ளத் தெரியாத துளையிடம் போய் 67 வாட் போனை நீட்டினாலும் அது 5 வோல்ட்டில்தான் நிற்கும்.

இதே கதைதான் புது வண்டிகளின் டைப்-சி துளையிலும். முட்டை வடிவத்தில் இருந்தாலே வேகமாக ஏறும் என்று நம்புகிறார்கள். டைப்-சி என்பது வாயின் வடிவம் மட்டும். வோல்ட்டைக் கூட்டச் சொல்லிப் பேசிக்கொள்ளும் பவர் டெலிவரி என்ற ஏற்பாடு உள்ளே இல்லாவிட்டால் அது 5 வோல்ட்டில் அதிகபட்சம் 3 ஆம்பியர், 15 வாட்டோடு நின்றுவிடும். வண்டியோடு வந்த கையேட்டில் ஒவ்வொரு துளைக்கும் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருப்பார்கள். நம்மில் எத்தனை பேர் அந்தப் புத்தகத்தின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்திருக்கிறோம்? பல வண்டிகளில் முன்னால் இருப்பது டேட்டா துளை, பின்சீட்டுக்காரர்களுக்கு வைத்தது சார்ஜுக்கு மட்டுமான துளை. முன்னால் 2.5 வாட்டோடு மல்லுக்கட்டுகிறவர், பின்னால் 10 வாட் துளை ஒன்று சும்மா கிடப்பதைக் கவனிப்பதே இல்லை.

நான் முதலில் போனைத்தான் சந்தேகப்பட்டேன். நெல்லை வண்ணார்பேட்டையில் ஒரு போன் கடைக்குப் போய், "பேட்டரிய மாத்திருங்க" என்று நீட்டினேன். கடைப்பையன் போனைக் கையில் வாங்கவே இல்லை.

"அண்ணாச்சி, வீட்ல ஏறுதா?"

"ஏறுது."

"பெறவென்ன? பேட்டரில ஒண்ணுமில்ல. வண்டியப் பாருங்க."

வந்த வியாபாரத்தைத் தானே தள்ளிவிட்ட பையன். அவன் சொல்லித்தான் யூஎஸ்பி மீட்டர் ஒன்று வாங்கினேன். தீப்பெட்டி அளவு இருக்கும். துளைக்கும் வயருக்கும் நடுவே செருகினால் வோல்ட்டும் ஆம்பியரும் எண்ணாகத் தெரியும். என் வண்டியின் துளையில் 5.02 வோல்ட், 0.47 ஆம்பியர் என்று காட்டியது. பெருக்கினால் 2.36 வாட். சிகரெட் லைட்டர் துளையில் நல்ல சார்ஜர் ஒன்றைச் செருகி அதே போனைப் போட்டபோது 9 வோல்ட், 1.6 ஆம்பியர், 14 வாட்டுக்கும் மேலே. ஆறு மடங்கு. சந்தேகம் அன்றோடு தீர்ந்தது.

அடுத்தது வயர். இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல சார்ஜரை வாங்கிய பிறகும் இங்கேதான் வழுக்கி விழுகிறோம். தாமிரபரணிக் கால்வாயின் கடைமடை வயக்காரரைக் கேட்டால் சொல்வார்: மடையில் எவ்வளவு திறந்தார்கள் என்பது பேச்சில்லை, என் வயலுக்கு எவ்வளவு வந்தது என்பதுதான் பேச்சு. மலிவு வயர்களுக்குள் இருக்கும் கரண்ட் கம்பி பெரும்பாலும் 28 கேஜ் (கேஜ் என்பது கம்பியின் தடிமனைச் சொல்லும் எண்), தலைமுடி போல இருக்கும். ஒரு மீட்டர் வயரில் போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு மீட்டர் கம்பி. அதன் மின்தடை 0.43 ஓம் அளவு. 2 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 0.85 வோல்ட் போய்விடும். 5 வோல்ட்டில் கிளம்பியது போனுக்கு 4.15 ஆக வந்து சேரும். போன் என்ன செய்யும்? வோல்ட் சரிவதைப் பார்த்து, தான் இழுக்கும் ஆம்பியரைக் குறைத்துக்கொள்ளும். அதே நீளத்தில் 24 கேஜ் கம்பி என்றால் 0.34 வோல்ட்தான் நட்டம். சில வயர்களின் மேலுறையில் பொடி எழுத்தில் 28, 24 என்று இரண்டு எண்கள் அச்சிட்டிருக்கும். 28 டேட்டா கம்பிக்கு, 24 கரண்ட் கம்பிக்கு. இரண்டாவது எண் சிறியதாக இருக்க வேண்டும். எண் சிறுத்தால் கம்பி தடிக்கும், அது அந்தக் கணக்கின் கோணல்.

இரண்டு மூன்று மீட்டர் வயரை முன்னாலிருந்து பின்சீட்டுக்கு இழுத்து டேப்லெட்டை மாட்டுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தரம் போட்டுப் பார்க்கட்டும். வேகச் சார்ஜர்கள் ஏன் 9 வோல்ட்டுக்குப் போகின்றன என்பதும் இதிலேயே விளங்கும். அதே வாட்டை வோல்ட் கூட்டி அனுப்பினால் ஆம்பியர் குறையும், கம்பியில் வீணாவதும் குறையும். கூடங்குளத்திலிருந்து மின்சாரம் 400 கிலோவோல்ட் கோபுரங்களில் போவதும் இதற்குத்தான்.

லைட்டர் துளை சார்ஜர் வாங்கும்போது நடக்கும் தவறு, டப்பாவின் முன்பக்கத்தை மட்டும் படிப்பது. துளையின் மூடியில் பெரும்பாலும் 12 வோல்ட், 120 வாட் என்று போட்டிருக்கும். வண்டியிடம் சக்திக்குக் குறைவில்லை. குறை சார்ஜரில்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் நூறு ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். '3.1 ஆம்பியர், வேகச் சார்ஜ்' என்று பெரிதாகப் போட்டிருந்தது. இரண்டு துளைக்கும் சேர்த்து 3.1 என்பது பிறகுதான் புரிந்தது. மீட்டரில் பார்த்தால் ஒரு துளைக்கு ஒரு ஆம்பியரைத் தாண்டவே இல்லை, கையில் தொட்டால் சுட்டது. பின்பக்கப் பொடி எழுத்தில் ஒவ்வொரு துளைக்கும் தனித்தனியாக '5 வோல்ட் 3 ஆம்பியர், 9 வோல்ட் 2 ஆம்பியர்' என்பதுபோல் எழுதியிருந்தால் அதை நம்பலாம். 9 வோல்ட் என்ற வரியே இல்லையென்றால் அங்கே வேகம் இல்லை.

உங்கள் போன் எந்தப் பாஷை பேசும் என்பதும் முக்கியம். ஐபோன், ஐபேட், சாம்சங் எல்லாம் பவர் டெலிவரி பேசும். சாம்சங்கின் 25 வாட் வேகம் வேண்டுமென்றால் சார்ஜரில் பிபிஎஸ் (PPS) என்ற சொல்லும் இருக்க வேண்டும், வோல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றித் தரும் ஏற்பாடு அது. ஒன்பிளஸ், ஓப்போ, ரியல்மி போன்றவற்றின் 67, 80 வாட் எல்லாம் அவரவர் வீட்டுப் பாஷை. அவர்கள் சார்ஜரும் அவர்கள் வயரும் இருந்தால்தான் அந்த வேகம் வரும், மற்ற சார்ஜரில் வெகுவாக இறங்கிவிடும். அதைக் குறையென்று நினைத்துச் சார்ஜரை மாற்றி மாற்றி வாங்குவது வீண் செலவு. கார் பயணத்துக்கு 15 வாட் தாராளம்.

டேப்லெட்டுக்கு வருவோம். 8000, 10000 மில்லிஆம்பியர் மணி பேட்டரி, பெரிய திரை. குழந்தை கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஸ்டீரியோத் துளையில் மாட்டினால் நாள் முழுவதும் கன்னியாகுமரிக்கும் நெல்லைக்கும் ஓட்டினாலும் நிறையாது. ஐபேட் இன்னும் நேர்மை, சக்தி குறைந்த துளையில் மாட்டினால் சில நேரம் 'நாட் சார்ஜிங்' என்றே எழுதிக் காட்டிவிடும். 20 வாட்டுக்குக் குறையாத துளை ஒன்றைத் தனியாக அதற்கே விடுங்கள்.

வெயிலைச் சொல்லாமல் நம்மூரில் சார்ஜைப் பற்றிப் பேச முடியாது. அக்னி நட்சத்திரத்தில் ஜங்ஷன் பக்கம் ஒரு மணி நேரம் வண்டியை வெட்டவெளியில் நிறுத்திவிட்டு வந்து ஸ்டீயரிங்கைத் தொட்டுப் பாருங்கள். அந்தச் சூட்டில் கண்ணாடிக்குப் பக்கத்தில், டாஷ்போர்டு மேல் போனை மாட்டி, மேப்பையும் போட்டு, சார்ஜும் ஏற்றினால் போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்க்கும். லித்தியம் பேட்டரிக்குச் சூட்டில் சார்ஜ் ஏற்றுவது ஆகாது. 45 டிகிரி பக்கம் வந்தாலே போன்கள் கரண்டைக் குறைக்கவோ நிறுத்தவோ செய்யும். ஐபோன் 35 டிகிரிக்குள் பயன்படுத்தச் சொல்லித்தான் வருகிறது. எங்கள் சித்திரை மாதத்துக்கு அந்த எண்ணைக் காட்டினால் சிரிக்கும். இதற்கு என்னிடம் இருக்கும் ஒரே வைத்தியம், ஏசி காற்று வரும் வாயில் மாட்டும் ஹோல்டர். தடித்த கவரையும் கழற்றிவிடுவேன். வயர் இல்லாமல் ஏற்றும் தட்டு இருக்கிற வண்டிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்: அது பாதி சக்தியைச் சூடாகவே விடுகிறதோ என்று எனக்குத் தோன்றும் அளவுக்குப் போன் கொதிக்கிறது. மழைக்காலத்துக்கு நல்லது.

பாபநாசம் தாண்டிக் காரையாறு, மணிமுத்தாறு தாண்டி மாஞ்சோலை என்று மலைப் பக்கம் ஏறும்போது சிக்னல் கிடைக்காமல் போன் தேடிக்கொண்டே இருக்கும், அந்தத் தேடலுக்கும் சார்ஜ் கரையும். மலையேறுமுன் மேப்பை இறக்கி வைத்துக்கொண்டு ஏரோபிளேன் மோடில் போடுங்கள், ஜிபிஎஸ் வேலை செய்யும். போனின் துளையில் சட்டைப்பைப் பஞ்சு அடைந்திருந்தாலும் ஏறாது. பல்குத்தும் குச்சியால், போனை அணைத்துவிட்டு, மெதுவாக எடுங்கள். ஊசி வேண்டாம்.

கூடுதல் துளை வேண்டும் என்று ஸ்டீரியோ வயரிலிருந்தே ஒரு கிளை இழுத்துத் தருகிற கடைகள் உண்டு. ஃபியூஸ் இல்லாமல் இழுத்த கம்பி உரசினால் தீப்பிடிக்கும், வண்டியின் வாரண்டிக்கும் வம்பு. 230 வோல்ட் இன்வர்ட்டரை மாட்டி அதில் வீட்டுச் சார்ஜரைச் செருகுவதும் சுற்றுவழி, 12-ஐ 230 ஆக்கி மறுபடி 5 ஆக்குவது. லேப்டாப்புக்கு வேண்டுமானால் சரி.

கடைசியாக, போன் சார்ஜ் போட்டால் கார் பேட்டரி காலியாகிவிடும் என்ற பயம். 19 வாட் மணி போனை முழுக்க நிரப்பினாலும், வீணாவதைச் சேர்த்து, கார் பேட்டரியிலிருந்து 2 ஆம்பியர் மணிக்கு உள்ளேதான் போகும். சின்னக் காரிலேயே 35 ஆம்பியர் மணி இருக்கிறது. கேடு போனால் இல்லை, போனுக்காகச் சாவியைத் திருப்பி வைத்துவிட்டுப் போகிறோமே, அப்போது கூடவே ஓடும் ஸ்டீரியோ, திரை, ஏசிக் காத்தாடி, இவைதான் பேட்டரியை உறிஞ்சும். சாரல் நேரத்தில் குற்றாலத்தில் இதை நாங்கள் செய்து பார்த்தோம். ஐந்தருவியில் குளிக்கப் போகுமுன் எல்லார் போனையும் செருகி, சாவியை ஆன் செய்து, மாமனாரைக் காவலுக்கு உட்கார வைத்தோம். அவர் பாட்டுப் போட்டுக்கொண்டு காத்தாடியையும் முழுசாக வைத்துத் தூங்கிவிட்டார். இரண்டரை மணி நேரம் கழித்து ஈரத் துண்டோடு வந்து பார்த்தால் அத்தனை போனிலும் 80-க்கு மேலே.

வண்டிதான் ஸ்டார்ட் ஆகவில்லை. "ஏல, எறங்கித் தள்ளுங்கலே" என்றார் மாமனார், சீட்டை விட்டு எழுந்திருக்காமலே.