சுடுற ரேஞ்ச்ல நாள் சறுக்கினாலும் சாமான ஒண்டும் விட்டுட்டு வராம திரும்புறது எப்படி (புதுசா எயார் ரைபிள் பழகுற ஆக்களுக்கு)

போன மாசம் கொழும்புல பிராக்டிஸ் முடிச்சிட்டு இரவு ரெயில்ல மட்டக்களப்புக்கு வந்து, கல்லடி வீட்டுல பேக்க ஒரு மூலையில போட்டுட்டு படுத்திட்டன். மத்தியானம் அம்மா ஜெக்கெட்ட காயப்போட எண்டு பேக்கத் திறந்துட்டு "மனே, கிளவ் எங்க?" எண்டு கேட்டா. வழமையா அவ கேக்கிறது "மற்ற கிளவ் எங்க" எண்டுதான், ஏனெண்டா நான் வலக்கை ஆள், ரைபிளத் தாங்குற இடக்கைக்கு மட்டும்தான் கிளவ் போடுறது, எப்பவும் ஒண்டுதான் இருக்கும். அண்டைக்கு அந்த ஒண்டும் இல்ல. எழும்பி தேடிப் பாத்தா பெலட் (எயார் ரைபிள் குண்டு) டின், ஸ்குரூ இறுக்குற அலன் கீ செட், சேப்டி பிளாக் (ரைபிளுக்குள்ள பெலட் இல்ல எண்டு காட்ட அறையில செருகுறது), ஸ்கோர் எழுதுற கொப்பி எல்லாமே நான் நிண்டு சுட்ட லேன் மேசையிலயே விட்டுட்டு வந்திருக்கன், 300 கிலோமீட்டருக்கு அங்கால.

அண்டைக்கு எனக்கு சுட்டது சரியே வரல்ல. சாமான் தவறினது கடைசியிலதான், ஆனா அது தொடங்கினது ஏழாவது எட்டாவது ஷொட்டுல, என்ட தலை அங்க இல்லாமப் போன நேரத்துல. அதால இத வீட்டுல இருந்தே தொடங்கிச் சொல்றன், இடையில ஒண்ட விட்டுட்டு கடைசிய மட்டும் செஞ்சா பலன் இல்ல.

முதல் வேலை: வெளிக்கிட முதல் பாய விரிங்க

பாயில சாமான் எல்லாத்தையும் தனித்தனியா பரப்பி வெச்சு போன்ல ஒரு படம் எடுங்க. ஜெக்கெட், ட்ரவுசர், சப்பாத்து, கிளவ், கண்ண மறைக்கிற பிளைண்டர், காதடைப்பு, பெலட் டின், அலன் கீ, பிளாக், கொப்பி, பேனை. எனக்கு 11 வருது, உங்களுக்கு எத்தினை எண்டு எண்ணி அந்த நம்பர மனசுல வெச்சிக்கங்க. ரைபிள் இந்தக் கணக்குல இல்ல, அது கிளப்புக்குரியது, அங்க பூட்டிலதான் இருக்கும், எங்கட கையில ஊருக்கு வாறதே இல்ல.

நம்மட ஊர் காத்துல உப்பும் ஈரமும் கூட, தோல் கிளவ்வ பேக்குக்குள்ளயே வெச்சிருந்தா பூஞ்சணம் பிடிச்சிரும், ஜெக்கெட் வேர்வையில தோஞ்சு மறுகா தளந்து போயிரும். ரெண்டையும் நிழல்ல காத்தாட காயப்போடுங்க, வெயில்ல வேணாம்.

ரெண்டாவது: ரேஞ்ச்ல ஒரே ஒரு துண்டு

லேனுக்குப் போனதும் மேசையில ஒரு கடும் நிறத் துண்ட விரிங்க, நான் வெச்சிருக்கிறது மஞ்சள். உங்கட சின்ன சாமான் எல்லாம் அந்தத் துண்டு மேலதான் இருக்க வேணும், கதிரையில ஒண்டு நிலத்துல ஒண்டு எண்டு வைக்க வேணாம். பாவிச்சு முடிஞ்சத உடனே பேக்குக்குள்ள போடுங்க. அலன் கீ கறுப்பு, மேசையும் கறுப்பு எண்டா கண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

மூணாவது: ஷொட் கெடத் தொடங்கினா

இதுலதான் புது ஆக்கள் கூடுதலா பிழை விடுற. 10 மீட்டர் எயார் ரைபிள் டாகெட்டுல பத்தாம் வளையம் வெறும் 0.5 மில்லிமீட்டர், பேனை முனையால வெச்ச புள்ளி மாதிரி, பெலட்டே 4.5 மில்லிமீட்டர். 2021ல நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ல நம்மட நாட்டு டெஹானி எகொடவெல சுட்டதும் இதே 10 மீட்டர் எயார் ரைபிள்தான். மெச்சில 60 ஷொட், எலக்ட்ரோனிக் டாகெட் எண்டா 75 நிமிசம், ஒரு ஷொட்டுக்கு ஆகக்கூடினது 10.9. இவ்வளவு சின்ன இடத்துல ஒண்டு ரெண்டு ஷொட் வெளிய போறது யாருக்கும் வாறதுதான்.

அண்டைக்கு நான் என்ன செஞ்சன் எண்டா, ஒரு ஷொட் இடப்பக்கம் போக சைட்ட (ரைபிள்ல குறி பாக்கிற கருவி) ஒரு கிளிக் திருப்பினன், அடுத்தது வலப்பக்கம் போக திரும்பவும் எதிர்ப்பக்கம் திருப்பினன், இப்பிடியே ஒவ்வொரு ஷொட்டுக்கும் பின்னால ஓடி ஓடி இருபதாவது ஷொட்டுல சைட் எங்க நிக்குது எண்டே எனக்குத் தெரியல்ல. பின்னால நிண்ட கோச் வந்து "தம்பி, ரைபிள வைங்க முதல்ல" எண்டார். நான் "இல்ல சேர், இன்னும் அஞ்சு" எண்டன். அதுதான் நான் விட்ட பெரிய பிழை, அந்த நேரமே வெச்சிருக்க வேணும்.

நீங்க இப்பிடிச் செய்யுங்க. ரைபிள் வாய டாகெட் பக்கமே வெச்சு, பெலட் உள்ள இல்ல எண்டு பாத்து, சேப்டி பிளாக்க அறைக்குள்ள செருகி மேசையில வைங்க. ஒள்ளுப்பம் தண்ணி குடிங்க. மறுகா சைட்ட தொடாம அஞ்சு ஷொட் சுட்டுப் பாருங்க. அஞ்சும் ஒரே இடத்துல கூடி ஆனா நடுவுக்கு வெளிய விழுந்தா, அப்பதான் சைட்ட திருப்புற. அஞ்சும் சிதறிக் கிடந்தா சைட்டுல கை வைக்காதீங்க, பெரும்பாலும் பிழை உடம்புல. ரைபிளத் தூக்கி குறி வெச்சு கண்ண மூடி, மூச்ச விட்டு, கண்ணத் திறந்து பாருங்க, குறி ஒரு பக்கம் விலகியிருந்தா கையால இழுக்காம காலடிய ஒரு துளி நகத்துங்க. அதுலயும் சரி வரல்லயெண்டா சைட் ஸ்குரூ இளகியிருக்கா, கன்னம் வைக்கிற கட்டை அசையுதா, சிலிண்டர் கேஜ்ல காத்து குறைஞ்சிருக்கா எண்டு பாருங்க. எனக்கு அண்டைக்கு கன்னக் கட்டைட ஸ்குரூ இளகியிருந்தது. அத இறுக்கத்தான் அலன் கீய வெளிய எடுத்தன், திரும்பி பேக்குக்குள்ள வைக்கவே இல்ல.

நாலாவது: ஸ்கோர் பாக்க முதல் பேக்கக் கட்டுங்க

நான் திரையில மொத்தத்த பாத்தன், நெஞ்சு அடைச்சது, ரெயிலுக்கும் நேரமாகுது, ஜெக்கெட்ட கழட்டி பேக்குக்குள்ள திணிச்சிட்டு ரைபிள ஒப்படைச்சிட்டு நேரா கோட்டை ரெயில் ஸ்டேசனுக்குப் போயிட்டன். இப்ப நான் வரிசைய மாத்திட்டன். ரைபிள கிளப்புல ஒப்படைச்சிட்டு திரும்பி லேனுக்கு வந்து, துண்டுல இருக்கிறத ஒவ்வொண்டா கையால தொட்டு வாய் விட்டு எண்ணி பேக்குக்குள்ள போடுறன், கடைசியா துண்ட மடிக்கிறன். 11 வராம பேக் சிப் மூடுறதில்ல. காலையில எடுத்த படத்தையும் ஒருக்கா பாக்கிறன். மேசைக்குக் கீழ, கதிரை முதுகு, கதவுக்குப் பின்னால கொழுக்கி, கை கழுவுற இடம், இந்த நாலையும் பாத்திட்டு வெளிய வந்து ஒரு மரத்தடியில இருந்துதான் ஸ்கோர எழுதுறன்.

விட்டுட்டு வந்திட்டீங்க எண்டா

நாளைக்கு எண்டு வைக்காம உடனே போன் எடுங்க. லேன் நம்பர், எத்தினை மணி வரைக்கும் நிண்டீங்க, சாமான் என்ன நிறம் எண்டு சொல்லுங்க, அப்பதான் தேடுறவருக்கு லேசு. பெலட்ட ஆர்ட கையிலயும் குடுத்து விடச் சொல்லாதீங்க, அங்கயே பூட்டி வைக்கச் சொல்லுங்க. என்ட டின்ல 500ல பாதி கிடந்தது, அது அங்கயே நிக்கட்டும் எண்டுட்டன். கிளவ்வும் கொப்பியும் ஆறு நாள் கழிச்சு ஊருக்கு வந்த ஒரு அண்ணன்ட கையில வந்து சேந்தது.

கொப்பியத் திறந்தா அந்த நாள் பக்கம் வெறுமனே கிடந்தது. ஞாபகத்துல இருந்த வரைக்கும் எழுதினன்: ஏழாவது ஷொட் இடப்பக்கம், கன்னக் கட்டை ஸ்குரூ, "ரைபிள வைங்க முதல்ல". அம்மா கிளவ்வ எடுத்து கொடியில போட்டுட்டு மற்றது எங்க எண்டு கேட்டா.