அஷ்டமுடியில் தீவு தீவாகப் போக மோட்டார் படகு பிடிப்பது எப்படி

செங்கோட்டை, தென்காசி, கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு கொல்லத்து அஷ்டமுடிக் காயலுக்குக் கிளம்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "ஹவுஸ்போட் எவ்வளவு ஆகும் மைனி?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, "எங்கே இறங்கணும்?" போகிற இடம் முடிவானால்தான் எந்தப் படகு என்பது தெரியும். படகை முதலில் பேசிவிட்டு இடத்தை அப்புறம் யோசித்தால், காசு கொடுத்துக் காயலின் நடுவில் உட்கார்ந்துவிட்டு வரத்தான் முடியும்.

நான் புனலூரில் பிறந்து செங்கோட்டைக்கு வாழ்க்கைப்பட்டவள். என் தாய்மாமா வீடு பெரினாட்டில், காயலோரம். இந்தக் காயலில் யார் எப்போது எங்கே படகை விடுவார்கள் என்பது சிறு வயதிலிருந்து காதில் விழுந்த விஷயம். செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர்தானே, எங்கள் தெருவில் பாதி வீட்டுக்குக் கொல்லத்தில் சொந்தம் உண்டு. சொந்தம் இல்லாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

படகில் நாலு வகை. ஹவுஸ்போட் என்கிற கெட்டுவள்ளம் அகலம், உயரம், படுக்கையறையோடு வரும். அகலமான காயலில் மட்டும் ஓடும், சின்ன வாய்க்காலுக்குள் நுழையாது. மதியம் ஏறினால் மறுநாள் காலை ஒன்பது மணிக்கு இறக்கிவிடுவார்கள். சாயங்காலம் ஐந்தரை வாக்கில் கரையில் கட்டிவிட வேண்டும், ஏனென்றால் இரவில் காயல் வலைக்காரர்களுடையது. ஆக, இருபத்தோரு மணி நேரத்துக்குப் பணம் கொடுத்தாலும் படகு ஓடுவது ஐந்து மணி நேரம்தான். சாதாரணப் பேக்கேஜில் ஏ.சி.யும் இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரைதான் இருக்கும். புதுமணத் தம்பதிக்கு அது சரி. தீவு பார்க்கப் போகிற பிள்ளைகுட்டிக்காரர்களுக்குச் சரிவராது.

இரண்டாவது, ஷிக்காரா. கூரை போட்டு, மெத்தை இருக்கை வைத்த மோட்டார் படகு, ஒரு குடும்பம் தாராளமாக உட்காரலாம். மணிக்கணக்கில் வாடகை. அஷ்டமுடியில் நான் சொல்வது எப்போதும் இதைத்தான். மூன்றாவது ஸ்பீட் போட். வேகம் பிடிக்கும் பையன்களுக்கு அரை மணி நேரம் போதும், அதில் நாள் முழுக்கச் சுற்றினால் பெரியவர்களுக்கு முதுகு போய்விடும். நாலாவது, கோல் ஊன்றித் தள்ளுகிற சின்ன வள்ளம். மன்றோத்துருத்து என்கிற தீவுக்கூட்டத்தின் உள்வாய்க்கால்களுக்கு வள்ளம்தான் வழி. அங்கே பாலங்கள் அவ்வளவு தாழ்வு, சில இடத்தில் குனிந்து தலையை முழங்காலோடு சேர்த்துக்கொண்டால்தான் அடியில் போகலாம்.

அதனால் நல்ல ஏற்பாடு இதுதான்: அகலமான காயலுக்கு ஷிக்காரா, மன்றோத்துருத்துக் கரையில் இறங்கி உள்ளே போக வள்ளம். இரண்டையும் ஒரே ஆளிடம் பேசிவிடலாம். ஷிக்காராக்காரருக்கு வள்ளக்காரர் தெரியாமல் இருக்காது.

இரண்டு மூன்று பேர்தான் போகிறீர்கள் என்றால் தனிப் படகே வேண்டாம். கொல்லம் ஜெட்டியில் அரசு நீர்ப்போக்குவரத்துத் துறையின் படகு இருக்கிறது, சீட்டு எடுத்து ஏறிக்கொள்ளலாம். ஊர்க்காரர்கள் போகிற சாதாரண சர்வீஸ் படகிலும் காயலை நன்றாகவே பார்க்கலாம்.

எப்போது போவது? குற்றாலத்தில் சாரல் களைகட்டுகிற ஆனி, ஆடியில் நம்மூர்க்காரர்களுக்கு ஊர்சுற்றும் ஆசை வரும். அதே மேகம்தான் மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்க்கிறது. அந்த மாதங்களில் காயலைத் தொடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் காலை தெளிவாக இருக்கும், மதியத்துக்கு மேல் இடி இறங்கும். திறந்த காயலில் இடிமழையில் மாட்டுவது விளையாட்டில்லை. கார்த்திகையிலிருந்து மகரவிளக்கு வரை ஐயப்ப பக்தர்கள் கூட்டம், ரயிலில் இடம் கிடைக்காது. எனக்குப் பிடித்தது தை பாதியிலிருந்து மாசி முடிய. வானம் கழுவியது போல இருக்கும், கொல்லத்து வெயிலும் தலைக்கு ஏறியிருக்காது.

நாளைவிட நேரம் முக்கியம். காலை ஏழு, ஏழரைக்குப் படகு கரையை விட்டுவிட வேண்டும். மதியத்துக்கு மேல் கடல்காற்று எழும்பி அகலமான இடத்தில் தண்ணீர் குதிக்கும், சாரல் முகத்தில் அடிக்கும். அடுத்தது கடல்நீரின் ஏற்றமும் இறக்கமும். அஷ்டமுடி நீண்டகரையில் கடலோடு திறந்து கிடக்கிறது, அதனால் கடல் ஏறினால் காயலும் ஏறும். ஏற்ற நேரம் தினமும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் அதிகம், மன்றோத்துருத்துப் பாலங்களுக்கடியில் வள்ளம் நுழையாமல் போகும். நல்ல இறக்கத்தில் வாய்க்காலில் சேறு தட்டும். போன் பண்ணும்போதே "அன்னைக்கு ஏற்றம் எத்தனை மணிக்கு சேட்டா?" என்று கேளுங்கள். உடனே பதில் சொல்கிறவர் காயல்காரர். "அதெல்லாம் பிரச்சினை இல்லை" என்று மழுப்புகிறவர் கமிஷன் ஏஜென்ட்டாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

அதே போனில் இன்னும் சில கேளுங்கள். வாடகை படகுக்கா, தலைக்கா? மணிக்கணக்கு எப்போது ஆரம்பம், ஜெட்டியை விட்டதிலிருந்தா, நீங்கள் ஏறிய இடத்திலிருந்தா? நீங்கள் தீவில் இறங்கிச் சாப்பிடுகிற நேரத்துக்கும் மீட்டர் ஓடுமா? ஜெட்டி எது? காயல் எட்டுக் கைகளாகப் பிரிந்து கிடப்பதால், இது எல்லாவற்றையும்விட முக்கியம். கொல்லம் டவுன் ஜெட்டி கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ் ஸ்டாண்டை ஒட்டியே இருக்கிறது. சிலர் காவநாடு, பெருமண் பக்கம் வரச் சொல்வார்கள். ஆட்டோ செலவும் அரை மணி நேரமும் அதில் போகும். பேசியதையெல்லாம் வாட்ஸாப்பில் எழுதி வாங்கிக்கொண்டு, சின்னத் தொகை மட்டும் அட்வான்ஸ் போடுங்கள்.

காயலுக்குள் இருக்கிற சாம்பிராணிக்கொடி என்கிற குட்டித் தீவுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அங்கே ஆட்களை ஏற்றிப்போவதை மாவட்டச் சுற்றுலா வளர்ச்சிக் கவுன்சில் நடத்துகிறது, சீட்டும் நேரக் கட்டுப்பாடும் உண்டு. உங்கள் வாடகைப் படகு நேரே அங்கே கொண்டுவிடுமா, கரையிலிருந்து வேறு படகு மாற வேண்டுமா என்பதை முன்பே கேட்டுவிடுங்கள். அங்கே உலர்ந்த தரை என்று எதிர்பார்க்காதீர்கள், முழங்கால் தண்ணீரில்தான் நிற்க வேண்டும். பிள்ளைகளுக்கு அதுதான் கொண்டாட்டம்.

இனி ஜெட்டியில் செய்ய வேண்டியது. இதில் தயவுதாட்சண்யம் பார்க்காதீர்கள். 2023 மே 7 அன்று கேரளத்துத் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள், அதில் எத்தனை பிள்ளைகள். மீன்பிடிப் படகை மாற்றி அமைத்தது, அளவுக்கு மேல் ஆள் ஏற்றியது, பொழுது சாய்ந்தபின் ஓட்டியது. மூன்றுமே ஏறுவதற்கு முன்பு கரையில் நின்று பார்த்தால் கண்ணுக்குத் தெரிகிற விஷயங்கள். 2021-ல் வந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி மோட்டார் படகுக்குப் பதிவுச் சான்றும், ஆய்வுச் சான்றும் வேண்டும். எத்தனை பேர் ஏறலாம் என்பதும் அதில் இருக்கும். படகை ஓட்டுகிற சாரங்குக்கு லைசென்ஸ் வேண்டும். "ஒரு தடவை காட்டுங்க சேட்டா, பிள்ளைங்க இருக்கு" என்று மரியாதையாகக் கேளுங்கள். ஒழுங்கான படகுக்காரர் கோபிக்க மாட்டார், பையிலிருந்து எடுத்து நீட்டுவார். கோபித்தால் வேறு படகு பாருங்கள். ஆள் கணக்கில் கைக்குழந்தையையும் சேர்த்தே எண்ணுங்கள்.

லைஃப் ஜாக்கெட்டை எண்ணிப் பார்த்தால் மட்டும் போதாது. ஒவ்வொன்றாக எடுத்து, கொக்கி 'டக்' என்று பூட்டுகிறதா என்று பாருங்கள். வார் நைந்திருந்தால் ஒதுக்குங்கள். பிள்ளைக்குப் போட்டு வாரை இறுக்கியபின், இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறி வந்தால் அது பெரியவர்கள் அளவு, தண்ணீரில் பிள்ளை அடிவழியாக நழுவிவிடும். கால் இடுக்கில் வார் உள்ள சின்ன ஜாக்கெட் கேளுங்கள். கரையில் போட்டதை இறங்கும்வரை கழற்றக் கூடாது. போட்டோவுக்காகக் கழற்றுவதும் கூடாது.

பெரியவர்களை ஏற்றுவதில் ஒரு முறை உண்டு. எங்கள் அத்தைக்கு முழங்கால் வலி, புடவை வேறு. முதலில் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிச் செருகச் சொல்வேன். செருப்பு கையில். படகுக்காரர் கையை விரலோடு பிடிக்காமல் முன்கையைப் பிடிக்க வேண்டும், அவரும் அதேபோல அத்தையின் முன்கையைப் பிடிப்பார். காலைப் படகின் விளிம்பில் வைக்காமல் நடுப்பலகையில் வைத்து, வைத்ததும் உட்கார்ந்துவிட வேண்டும். நின்றுகொண்டு "எங்கே உட்காரட்டும்?" என்று கேட்கிற நேரத்தில்தான் படகு ஆடும். ஷிக்காராவில் பெரும்பாலும் கழிப்பறை இருக்காது, அதனால் ஜெட்டியிலேயே எல்லோரும் போய்விட்டு ஏறுங்கள்.

வழி எப்படி என்றால், காலையில் ஜெட்டியை விட்டுத் தேவள்ளிப் பக்கமாகப் போய், அரண்மனையைக் கரையில் பார்த்துக்கொண்டே அகலமான காயலுக்கு வரலாம். வெயில் ஏறுமுன் சாம்பிராணிக்கொடி. அப்புறம் வடகிழக்கே மன்றோத்துருத்து. நீண்டகரை முகத்துவாரம் வரை போகச் சொல்லி அடம்பிடிக்காதீர்கள், அங்கே மீன்பிடிப் படகுகளின் நெரிசலும் கடல் அலையும் சின்னப் படகுக்கு ஆகாது. வழியில் கழுத்தளவு தண்ணீரில் ஆட்கள் நின்று கக்கா என்கிற மட்டி அள்ளுவதைப் பார்ப்பீர்கள். இந்தக் காயலின் கக்கா மீன்பிடிப்புக்குத்தான் 2014-ல், இந்தியாவிலேயே முதலாவதாக, வளம் அழியாமல் பிடிப்பதற்காகத் தருகிற எம்.எஸ்.சி. என்கிற உலகச் சான்றிதழ் கிடைத்தது. அவர்கள் அருகில் போகும்போது எஞ்சினைக் குறைக்கச் சொல்லுங்கள்.

மன்றோத்துருத்தில் இன்னும் மெதுவாக. நம்ம ஆரியங்காவுப் பாலருவித் தண்ணீரும் சேர்ந்த கல்லடையாறு வண்டல் கொட்டிக் கொட்டி உண்டாக்கிய தீவுக்கூட்டம் அது. 1810-களில் திருவிதாங்கூரில் ஆங்கிலேயரின் பிரதிநிதியாக (ரெசிடெண்ட்) இருந்த கர்னல் ஜான் மன்றோவின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. தென்மலை அணைக்குப் பின் வண்டல் வரத்து குறைந்துவிட்டது. இப்போது ஏற்றத்துக்கு வீட்டு முற்றத்திலேயே உப்புத்தண்ணீர் நிற்கிறது, சுவர் அரிக்கிறது, தென்னை பட்டுப்போகிறது. மோட்டாரை முறுக்கிக்கொண்டு போனால் அந்த அலை நேரே அவர்கள் வாசலில் மோதும். வள்ளத்தில் போங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு அழகு மட்டும் காரணமில்லை.

சாப்பாட்டைப் படகில் கட்டிக்கொண்டு போவதைவிட, மன்றோத்துருத்தில் வீட்டுச் சமையல் செய்து தருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். கரிமீன் பொள்ளிச்சது, கக்கா இறைச்சித் தோரன், மோருக்கறி. சைவம் என்றால் முன்கூட்டியே அழுத்திச் சொல்ல வேண்டும். தண்ணீர் பாட்டிலும் மிக்சர் கவரும் திரும்பி உங்கள் பையோடுதான் வர வேண்டும்.

திரும்ப ஜெட்டிக்கு வரத் தேவையில்லை. மன்றோத்துருத்திலேயே ரயில் நிலையம் இருக்கிறது, பாசஞ்சர் பிடித்துக் கொல்லம் வந்துவிடலாம். அப்படியானால் படகை ஒருவழிக்குப் பேசுங்கள், ஆனால் காலி படகு திரும்புகிற நேரத்துக்கும் அவர் காசு கேட்பார், அது நியாயம்தான். கொல்லத்திலிருந்து செங்கோட்டைக்கு மலைப்பாதை ரயில் மூன்றிலிருந்து நாலு மணி நேரம். காலை ஏழுக்குப் படகு வேண்டும் என்பதால், முந்தின நாளே வந்து ஜெட்டிக்குப் பக்கத்தில் தங்கிவிடுவது நல்லது. சாயங்காலமே நடந்து போய், பேசிய படகைக் கண்ணால் பார்த்துவிடலாம்.

மீதிப் பணத்தை இறங்கியபின் கொடுங்கள். கோல் ஊன்றிய வள்ளக்காரருக்குத் தனியாக, அவர் கையில் கொடுங்கள், ஷிக்காராக்காரர் வழியாக வேண்டாம். காலையில் வானம் கறுத்திருந்து, சாரங்கு "இன்னைக்கு வேண்டாம்" என்று சொன்னால் எதிர்த்துப் பேசாதீர்கள். அவர் "போகலாம்" என்று சொல்லி உங்களுக்குப் பயமாக இருந்தாலும் ஏறாதீர்கள், அட்வான்ஸ் போனால் போகட்டும். அன்றைக்குத் தங்கசேரி கலங்கரை விளக்கத்தைப் பார்க்கலாம், 1902-ல் கட்டியது, ஜெட்டியிலிருந்து ஆட்டோவில் கொஞ்ச தூரம்தான்.